சிகாகோவுக்கு அம்மன் காட்டிய வழி

போன வருடம் ஜனவரியில் சிகாகோவில் படிக்கும் என் மூத்த மகள் காவ்யா அங்கே பனியில் வழுக்கி விழுந்து காலை உடைத்துக்கொண்டாள். எனக்கு அது பிப்ரவரி கடைசியில்தான் தெரியவந்தது.

அவள் சொல்லவில்லை. வாரம் தவறாமல் வீடியோவில் பேசினாள், சிரித்தாள், நன்றாக இருக்கிறேன் என்றாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை என் இளையவள் நிலா போனைப் பிடுங்கி உற்றுப் பார்த்துவிட்டு, "அக்கா, உனக்குப் பின்னாடி சுவத்துல என்ன கம்பு சாய்ச்சு வெச்சிருக்கே?" என்று கேட்டாள். அது ஊன்றுகோல். காவ்யாவின் முகம் ஒரு நொடி அப்படியே நின்றது. பிறகு அழ ஆரம்பித்தாள்.

நான் அரசாங்க நர்ஸ். இருபத்திரண்டு வருடமாக ஊரார் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கட்டுப் போட்ட கை இது. என் பிள்ளை அந்நிய தேசத்தில் ஆறு வாரம் தனியாகப் படுத்துக் கிடந்திருக்கிறாள். ஒரு டம்ளர் வெந்நீர் வைத்துக் கொடுக்க நான் இல்லை.

"சொல்லியிருந்தா நான் வந்திருப்பேனேடி."

"எப்படிம்மா வருவே?"

அவள் கேட்டது சரிதான். எங்கள் மூன்று பேரிடமும் அப்போது பாஸ்போர்ட்கூடக் கிடையாது. விமானம் ஏறினால் சென்னை, அங்கிருந்து மதுரை. அதற்கு அப்பால் நாங்கள் போனதில்லை. அன்று மாலை மாரியம்மன் படத்துக்கு முன் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். "தாயே, அவள் பட்டம் வாங்கும் நாளில் நாங்கள் மூவரும் அவள் பக்கத்தில் நிற்க வேண்டும். வழி எனக்குத் தெரியாது. உனக்குத் தெரியும்" என்று வேண்டிக்கொண்டேன். மாவிளக்கு ஏற்றுவதாக நேர்ந்துகொண்டேன்.

நம் கோயில் வெள்ளிக்கிழமை விளக்குப் பூஜைக்கு வருகிறவர்களுக்கு எங்கள் குடும்பத்தைத் தெரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். என் பெயர் சாந்தி. வீடு அந்தமானில், போர்ட் பிளேரில் டெய்ரி ஃபார்ம் என்கிற பகுதியில். என் கணவர் முருகேசன் ஃபீனிக்ஸ் பே கப்பல் பட்டறையில் கப்பல்களுக்கு எலக்ட்ரீஷியன். நிலா ப்ளஸ் ஒன் படிக்கிறாள். எனக்கு மட்டும் இரண்டு வருடமாக வேலை ஹட் பே ஆஸ்பத்திரியில். அது வேறு தீவு. போர்ட் பிளேரிலிருந்து தெற்கே கப்பலில் ஏழெட்டு மணி நேரம். மாதம் ஒரு முறை வீட்டுக்கு வருவேன்.

பாஸ்போர்ட் கைக்கு வந்த நாளிலிருந்து வீட்டில் ஒரே கொண்டாட்டம். நிலா ஒரு நோட்டு வாங்கி, அட்டையில் பெரிய எழுத்தில் 'சிகாகோ' என்று எழுதினாள். முதல் பக்கத்தில் கண்ணாடித் தரை போட்ட உயரமான கட்டிடம். இரண்டாம் பக்கத்தில் ஊருக்கு நடுவே ஓடும் ஆறு, அதில் படகு. மூன்றாம் பக்கம் முழுக்கச் சாப்பாடு. என் கணவரோ வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு அந்தப் பெரிய ஏரியைத்தான் பார்ப்பார்.

"ஏம்மா, இது ஏரின்னு சொல்றாங்க, அக்கரையே தெரியாதாம். கப்பல் எல்லாம் ஓடுதாம். ஆனா தண்ணி உப்பில்லையாம்!"

"அப்பா, அவ்வளவு தூரம் போயும் நீங்க கப்பலைத்தான் பார்க்கணுமா?" என்று நிலா தலையில் அடித்துக்கொள்வாள்.

மே மாதம் பட்டமளிப்பு விழா. விசா நேர்காணலுக்கு மூன்று பேருக்கும் ஒரே நாளில் இடம் கிடைப்பது பெரும்பாடாக இருந்தது. காவ்யா அங்கே விழித்திருந்து தேடித் தேடி டிசம்பர் முதல் வாரத்தில் சென்னையில் பிடித்தாள். புதன்கிழமை கைரேகை, வியாழக்கிழமை நேர்காணல். அதைத் தவறவிட்டால் அடுத்த இடம் ஜூலையில்தான். விழாவே முடிந்துபோயிருக்கும். செவ்வாய்க்கிழமை மதியம் போர்ட் பிளேரிலிருந்து சென்னைக்கு விமான டிக்கெட் போட்டோம். நான் சனிக்கிழமை கப்பலில் ஹட் பேயிலிருந்து கிளம்பினால் போதும். இரண்டு நாள் கையில் இருக்கிறது என்று நிம்மதியாக இருந்தேன்.

வெள்ளிக்கிழமை காற்று மாறியது. கடலில் தாழ்வு மண்டலம் என்றார்கள். சனிக்கிழமை கப்பல் ரத்து. ஞாயிற்றுக்கிழமையும் ரத்து. தீவுக்குத் தீவு பறக்கும் அரசாங்க ஹெலிகாப்டரும் இல்லை. கப்பல் ஏறும் மேடையான ஜெட்டிக்குப் போய் நின்று பார்த்தேன். அலை சுவரில் மோதி என் முகத்தில் தெறித்தது. கணவர் போனில், "வந்துரும், வந்துரும், திங்கக்கிழமை கண்டிப்பா விடுவாங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் குரலே சரியில்லை.

திங்கட்கிழமை காலை மழை கொஞ்சம் விட்டது. ஒரு மணிக்குக் கப்பல் என்று அறிவித்தார்கள். என் சந்தோஷத்தை எப்படிச் சொல்வேன்! விடுமுறை ஏற்கெனவே எழுதிக் கொடுத்திருந்தேன். பையைத் தூக்கிக்கொண்டு பன்னிரண்டு மணிக்கே ஜெட்டியில் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் ஐந்தாறு பேர்தான்.

அப்போது போன் அடித்தது. எங்கள் டாக்டர். மதுரைப் பக்கத்துச் சின்னப் பெண், வேலைக்கு வந்து ஒரு வருடம்தான் ஆகிறது.

"சாந்திக்கா, கப்பல் ஏறிட்டீங்களா?"

"இன்னும் இல்ல டாக்டர்."

"எட்டு மாச கர்ப்பிணி, ஃபிட்ஸோட கொண்டு வந்திருக்காங்க. பிரஷர் ரொம்ப மேல இருக்கு. பிரசவ டாக்டர் லீவுல போர்ட் பிளேர் போனவர் மழையில மாட்டிக்கிட்டார். இன்னொரு சிஸ்டருக்கு நூத்திமூணு காய்ச்சல். நான் தனியா இருக்கேன்க்கா." உடனே அவளே சொன்னாள். "உங்களுக்கு இன்னிக்குப் போயே ஆகணும்னு தெரியும். நான் வரச் சொல்லல. என்ன பண்றதுன்னு மட்டும் சொல்லுங்க."

நான் இங்கே எதையும் மறைக்கப்போவதில்லை. அந்த நேரத்தில் எனக்கு வந்தது இரக்கம் இல்லை, கோபம். முகம் தெரியாத அந்தப் பெண்ணின் மேல் கோபம். அம்மனின் மேல் அதைவிடக் கோபம். 'பத்து மாதமாகக் கேட்டேனே, கப்பல் வாசல் வரை கொண்டுவந்து நிறுத்திவிட்டு இப்படிச் செய்கிறாயே' என்று மனதுக்குள் கத்தினேன். வரிசை நகர்ந்தது. என் கால் நகரவில்லை. பிறகு பையைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவைத் தேடி ஓடினேன்.

அந்தப் பெண்ணின் பெயர் ரூமா. பெங்காலிக் குடும்பம். இருபத்துமூன்று வயது இருக்கும், என் காவ்யாவைவிடச் சின்னவள். அவள் கணவன் பிஷு மழையில் நனைந்தபடி வாசலில் நின்றுகொண்டு, "தீதி, பசா லோ, தீதி" என்று கையெடுத்துக் கும்பிட்டான். காப்பாற்றுங்கள் அக்கா என்கிறான். அவளுக்கு ஊசி போட்டோம். நாக்கைக் கடித்துக்கொள்ளாமல் பக்கவாட்டில் திருப்பிப் பிடித்தேன். குழந்தையின் இதயத் துடிப்பை வைத்துக் கேட்டேன். இருந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் என் கோபமெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை.

ஒரு மணிக்குக் கப்பலின் சங்கு ஊதியது. ஆஸ்பத்திரி வரை கேட்டது. டாக்டர் என்னைப் பார்த்தாள். நான் ரூமாவின் பிரஷரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் என் வேண்டுதல் மாறியது. "தாயே, சிகாகோ போனால் போகட்டும். இந்த இரண்டு உயிரையும் எனக்குக் கொடு." அவ்வளவுதான் கேட்டேன். கண்ணில் நீர் வந்தது. கை வேலை செய்துகொண்டே இருந்தது.

அறுவை சிகிச்சை செய்தே ஆக வேண்டும், போர்ட் பிளேருக்கு அனுப்பியே ஆக வேண்டும். டாக்டர் யார் யாருக்கோ போன் செய்தாள். மூன்று நாளாகப் பறக்காத ஹெலிகாப்டர். ஆனால் இரண்டரை மணிக்கு மேல் வானம் ஒரு பக்கம் வெளுத்தது. மூன்று மணிக்குச் செய்தி வந்தது. அவசர நோயாளிக்காக ஒரே ஒரு முறை வருகிறார்கள், தயாராக இருங்கள் என்று.

டாக்டர் போனை வைத்துவிட்டு என்னிடம் ஓடி வந்தாள். "அக்கா, கூட ஒரு நர்ஸ் போயே ஆகணும். வழியில மறுபடியும் ஃபிட்ஸ் வந்தா பார்க்க ஆள் வேணும்." சொல்லிக்கொண்டே வந்தவள் சட்டென்று நிறுத்தினாள். அவளுக்கும் புரிந்துவிட்டது. எனக்கும் புரிந்துவிட்டது.

"நீங்கதான் அக்கா போகணும்" என்று சொல்லிவிட்டு அவள் அழுதுகொண்டே சிரித்தாள்.

ஹெலிகாப்டரில் முக்கால் மணி நேரம். ரூமாவின் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். எதிரே பிஷு கண்ணை மூடிக்கொண்டு முணுமுணுத்தபடி இருந்தான். அவன் கும்பிடும் காளியும் நான் கும்பிடும் மாரியும் அன்று ஒரே பக்கம்தான் நின்றார்கள். அவளுக்கு வழியில் ஃபிட்ஸ் வரவில்லை. தரையில் ஆம்புலன்ஸ் காத்திருந்தது. ஆஸ்பத்திரியில் அவளை ஒப்படைத்து, எழுத வேண்டியதை எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தால், வாசலில், டாக்டர் போனில் சொன்னதைக் கேட்டு ஓடி வந்த என் கணவரும் நிலாவும். நிலா என்னைக் கட்டிக்கொண்டு குதித்த குதியில் என் செருப்பு அறுந்துவிட்டது.

அப்போதுதான் கணவர் ஒரு விஷயம் சொன்னார்.

"நீ ஏற வேண்டிய கப்பல் வரல, தெரியுமா? கடல் மறுபடியும் ஏறிருச்சுன்னு பாதியில ஹட் பேவுக்கே திருப்பிட்டாங்க. இப்பதான் ஆபீஸ்ல சொன்னாங்க."

நான் பிடிவாதமாக அந்தக் கப்பலில் ஏறியிருந்தால் செவ்வாய்க்கிழமை காலையில் மறுபடியும் ஹட் பேயில்தான் நின்றிருப்பேன். எந்த வழியை அம்மன் அடைத்துவிட்டாள் என்று அவளைத் திட்டினேனோ, அந்த வழி போர்ட் பிளேருக்கு வரவே இல்லை.

புதன்கிழமை சென்னையில் கைரேகைக்கு வரிசையில் நிற்கப் போகும்போது பிஷு கூப்பிட்டான். "தீதி, பேட்டி ஹுயி! தோனோ டீக் ஹை!" திங்கள் இரவே அறுவை சிகிச்சையில் பிறந்த பெண் குழந்தை, ஆபத்து இப்போதுதான் நீங்கியதாம். இருவரும் நலம். ரோட்டோரத்தில் நின்று நான் சத்தமாக, "அம்மா, தாயே!" என்று கத்திவிட்டேன். பக்கத்தில் கோப்புடன் நின்ற ஒரு அம்மா பயந்துபோய்த் தள்ளி நின்றார்.

வியாழக்கிழமை நேர்காணல். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த அதிகாரி தமிழிலேயே கேட்டார். எதற்காகப் போகிறீர்கள் என்றார். மகள் பட்டம் வாங்குகிறாள் என்றேன். "முடிஞ்சதும் திரும்பி வந்துடுவீங்களா?"

மனதில் இருந்தது வாயில் வந்துவிட்டது. "வராம எப்படி சார்? ஜூன் மாசம் நாலு பொண்ணுங்களுக்குப் பிரசவத் தேதி கொடுத்திருக்கு. நான் இல்லைன்னா என்னைத் தேடுவாங்க."

அவர் சிரித்துவிட்டார். மூன்று பேருக்கும் விசா கொடுத்துவிட்டார். என் கணவர் வெளியே வந்து நடைபாதையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். காவ்யாவுக்கு வீடியோ போட்டோம். நான்கு பேரும் ஒரே நேரத்தில் பேசினோம். ஒருவர் பேசியதும் ஒருவருக்கும் கேட்கவில்லை.

இப்போது ஏப்ரல். டிக்கெட் போட்டாயிற்று. மாவிளக்கு ஏற்றியாயிற்று. மே மாதத்திலும் அங்கே குளிருமாம். இந்தத் தீவில் குளிர் உடுப்புக்கு எங்கே போவது? பக்கத்து வீட்டுக்காரர் டெல்லியில் இருந்தபோது போட்ட ஜாக்கெட்டை என் கணவருக்குக் கொடுத்தார். அதை அவர் விசிறிக்குக் கீழே போட்டுப் பார்த்து, வியர்த்து ஊற்றிக்கொண்டு, "ஜம்முனு இருக்கு" என்கிறார். நிலாவின் நோட்டு தீர்ந்துபோய் இரண்டாவது நோட்டு வாங்கியாயிற்று. போன மாதம் ரூமா குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தாள். பழைய சேலைகளை அடுக்கிக் கையால் தைத்த ஒரு போர்வையை என் மடியில் வைத்தாள். "உங்க மகளுக்கு, தீதி. அங்க ரொம்பக் குளிராமே" என்றாள். அது என் பெட்டியில் முதலில் வைத்த சாமான்.

முன்பெல்லாம் விளக்கேற்றினால் என் வீட்டுப் பெயர்களைத்தான் சொல்வேன். இப்போது வார்டில் படுத்திருப்பவர்களின் பெயர்களைச் சொல்லி முடித்த பிறகுதான் என் வீட்டுக்கு வருகிறேன். கேட்பதும் முன்பைவிடக் குறைந்திருக்கிறது. பயம் அதைவிடக் குறைந்திருக்கிறது.

உங்களில் யாராவது இன்று ஏதோ ஒரு ஜெட்டியில், கப்பல் போய்விட்டதே என்று நின்றுகொண்டிருக்கலாம். அம்மனிடம் கோபப்பட வேண்டுமானால் படுங்கள், அவள் தாய், தாங்கிக்கொள்வாள். ஆனால் கையில் வந்த வேலையை விட்டுவிடாதீர்கள். அதைச் செய்துகொண்டே அவளைக் கூப்பிடுங்கள். எனக்குக் கேட்டவள் உங்களுக்கும் கேட்பாள்.

மே இரண்டாம் வாரம் கிளம்புகிறோம். அந்த வெள்ளிக்கிழமைப் பூஜையில் எங்களுக்காகவும் ஒரு திரி போடுங்கள். நான் போய் என் பிள்ளைக்கு என் கையால் ஒரு வாய் சோறு ஊட்டிவிட்டு வருகிறேன்.