வலிப்பு அல்ல என்று தெரிந்தும்

என் அக்கா மகள் கயல் மயங்கி விழுந்தபோது, அது வலிப்பு அல்ல என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், வலிப்பு வந்தவர்களுக்குச் செய்வதுபோல, என் ஸ்கூட்டர் சாவியை அவள் கையில் திணித்து விரல்களை மூடினேன்.

நான் கிருஷ்ணகிரியில் ஒரு கல்லூரியில் விலங்கியல் நடத்துகிறவள். அதிலும் கருவளர்ச்சிதான் என் பாடம்! கோழி முட்டையைத் திறந்து, துடிக்கும் இதயத்தை மாணவர்களுக்குக் காட்டிப் பெருமைப்படுகிறவள்.

வகுப்பில் சொல்வதை உங்களிடமும் சொல்லிவிடுகிறேன். அப்போதுதான் நான் செய்தது உங்களுக்கு முழுதாக விளங்கும். தாய்க்கே சந்தேகம் தட்டாத நாட்களில் கருவின் இதயம் துடிக்கத் தொடங்குகிறது. அதையொட்டித் தலையின் இருபுறமும் தோல் குழிந்து உட்காது உருவாகிறது. செல்கள் பக்கத்துச் செல்களுக்கு ரசாயனச் சேதி அனுப்புகின்றன... நீ காதாகு, நீ இதயமாகு என்று. இவற்றை உருவாக்கவும், பின்பு இயக்கவும் வேண்டிய மரபணுக்களில் சில இரண்டுக்கும் பொதுவானவை. அப்படி ஒன்று பழுதானால் காதும் கேட்காது, இதயத்தின் மின்னோட்டமும் தடுமாறலாம். அந்தக் குழந்தைகள் பயந்தால் விழுவார்கள், ஓடினால் விழுவார்கள். சிலர் எழுந்திருப்பதில்லை.

அக்காவைக் கட்டியவர் எங்கள் தாய்மாமன். அம்மாவுடன் பிறந்தவர். சொந்தத்தில் கட்டும்போது ஒரே பழுது தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் பிள்ளைக்கு வந்து சேர்வது எளிது. கயலுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. அக்காவுக்குக் கர்ப்பத்தில் வந்த காய்ச்சல்தான் காரணம் என்று வீட்டில் சொல்லி வைத்திருந்தோம். நானும் ஆமாம் போட்டேன்.

அவள் விழுந்தது எருது விடும் விழா அன்று. எனக்கு நிச்சயமாகியிருந்தது. என் வருங்கால மாமியாரும் அக்கா ஊருக்கு விருந்தாளியாக வந்திருந்தார். ஒரு காளை தடுப்பைத் தாண்டித் தெருவுக்குள் பாய்ந்தது. ஆட்களின் கூச்சல் கயலுக்குக் கேட்கவில்லை. திரும்பியவள் காளையைப் பக்கத்தில் பார்த்தாள். அது அவளைத் தொடாமலே ஓடிவிட்டது. அவள் அப்படியே சரிந்தாள்.

"கப்பிணா கொடி!" என்று எதிர்வீட்டுக் கன்னடக்கார அம்மா கத்தினார். இரும்பு கொடு என்கிறார். அக்கா என்னைப் பார்த்தாள். "சுமதி, நீ படிச்சவ... வலிப்புதானேடி இது?"

எல்லோரும் என் வாயையே பார்த்தார்கள். மாமியாரும்.

"வலிப்பு மாதிரிதான்க்கா இருக்குது" என்றேன். சாவியை எடுத்தேன்.

கயல் தானாகவே கண் விழித்தாள். சாவி வேலை செய்துவிட்டது என்றார்கள்! மாமியார் மெல்லக் கேட்டார். "வம்சத்துல இருக்குதாம்மா?"

"இல்லைங்க. கர்ப்பத்துல அக்காவுக்குக் காய்ச்சல் வந்துச்சு, அதுல வந்த கோளாறு."

எவ்வளவு சுலபமாக வந்தது அந்த வார்த்தை! காய்ச்சல் என்றால் குறை கயலோடு நின்றுவிடும். மரபணு என்றால் என் ரத்தத்திலும் இருக்கலாம், எனக்குப் பிறக்கும் பிள்ளைக்கும் போகலாம். சம்பந்தம் முறியும் என்று பயந்தேன். ஒரு ஈசிஜி எடுக்கச் சொல்ல எத்தனை நேரம் ஆகும்? கல்யாணம் முடியட்டும், பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். பிறகு... அதற்குள் அவள் இன்னொரு முறை விழமாட்டாள் என்று எனக்கு யார் சொன்னது?

நாங்கள் சொன்னதைக் கேட்டு மருத்துவர் வலிப்பு மாத்திரை எழுதினார். அதை விழுங்கிவிட்டுக் கயல் நாளெல்லாம் தூங்கி வழிந்தாள். என் கல்யாணப் படம் ஒன்றில், பட்டுப்பாவாடையோடு மண்டப நாற்காலியில் தூங்கிக்கொண்டிருக்கிறாள். அந்தப் படத்தை என்னால் பார்க்க முடிவதில்லை.

கல்யாணம் முடிந்த பிறகும் நான் வாய் திறக்கவில்லை. பள்ளி மைதானத்தில் ஓடியவள் மறுபடி விழுந்தாள். இம்முறை மூச்சே நின்றுபோய், விளையாட்டு ஆசிரியர் நெஞ்சை அழுத்தி மீட்டார். போச்சம்பள்ளியில் ஷிப்டில் இருந்த மாமா கம்பெனி சட்டையோடு ஓசூர் ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தார். அங்கேதான் நான் மருத்துவரிடம் போய், "இவளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது, இதயத்தைப் பாருங்கள்" என்றேன். ஈசிஜியில் எல்லாம் தெரிந்தது. இப்போது அதற்கான மாத்திரை சாப்பிடுகிறாள். ஓடக் கூடாது.

அன்று இரவு என் கணவர் கேட்டார். "உனக்கு எப்படி டக்குனு தோணுச்சு?"

"இன்னைக்குத்தான் தோணுச்சு" என்றேன்.

அவர் நம்பினார். மாமியாரோ என் படிப்பைப் பற்றி ஊரெல்லாம் பேசுகிறார். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ இல்லன்னா எம் புள்ள இல்லடி" என்று அழுதாள். நான் பேசாமல் நின்றேன். அந்த மௌனத்தை அடக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள்... பாருங்கள், அதையும் எனக்கு நல்ல பெயராகவே எழுதிவிட்டார்கள்!

இதை உங்களிடம் சொல்கிறேன். அக்காவிடம் சொல்லவில்லை. சொல்வேனா? தெரியாது. சொன்னால் அவள் என்னை மன்னித்துவிடுவாளோ என்றும் பயமாக இருக்கிறது.

கயல் எங்கள் ஒவ்வொருவருக்கும் கைஜாடையில் ஒரு பெயர் வைத்திருக்கிறாள். மாமாவுக்கு மீசை, அக்காவுக்கு மூக்குத்தி. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு எனக்குப் புதுப் பெயர் வைத்திருக்கிறாள். நான் வாசலில் வண்டியை நிறுத்தியதும், சித்தி வந்துவிட்டாள் என்று அக்காவிடம் சொல்ல, சிரித்துக்கொண்டே தன் நெஞ்சில் கை வைக்கிறாள்.