நாற்பத்தொன்றாவது நில்

இது கதை இல்லை. நடந்தது. நடந்தது என் அண்ணிக்கு. அவர் பொய்யே சொல்லாதவர் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். புதுச் செருப்பை வாங்கி மாட்டிக்கொண்டு, "இதுவா, பழசுங்க" என்று என் அண்ணனிடம் கூசாமல் சொல்பவர்தான். ஆனால் இந்த விஷயத்தைச் சொல்லும்போது மட்டும் அவர் கை இன்றைக்கும் தானாகப் போய் என் அண்ணன் சட்டையைப் பிடித்துக்கொள்கிறது. வாயால் பொய் சொல்லலாம், கையால் சொல்ல முடியாது.

பேய் என்றால் இருட்டு, மழை, நாய் ஊளை என்று எதிர்பார்ப்பீர்கள். அது எதுவுமே இல்லை. ஞாயிற்றுக்கிழமை, பட்டப்பகல், எல்லா விளக்கும் எரிந்துகொண்டிருந்த அலுவலகம். அதுதான் எனக்கு இன்னும் பயம். இருட்டுக்குப் பயந்தால் விளக்கைப் போட்டுக்கொள்ளலாம்.

அண்ணி வேலை பார்த்தது லிஃப்ட் செய்கிற கம்பெனியில். லிஃப்டை இயக்கும் புரோகிராமை எழுதுவது, திருத்துவது அவர் வேலை. கட்டடம் ஏழு மாடி, அலுவலகம் ஆறாவது மாடியில். கட்டடத்துக்கு ஒரே ஒரு லிஃப்ட், அதுவும் அவர்கள் கம்பெனி போட்டது. நாலாவது மாடி ரொம்ப நாளாகக் காலி. ஏன் காலி என்று அண்ணி யாரையும் கேட்டதில்லை. சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன.

அந்தப் புரோகிராமை முதலில் எழுதிய மனிதருக்கு அலுவலகத்தில் வைத்திருந்த பெயர் 'நிதானம்'. பதறாத காரியம் சிதறாது என்று நம்பியவர் போலிருக்கிறது. கதவு மூடியதா, ஒரு நொடி நில். பிரேக் பிடித்ததா, ஒரு நொடி நில். லிஃப்டை நிறுத்தி வைக்கிற அந்தக் கட்டளைக்கு ஆங்கில எழுத்தில் 'நில்' என்றே பெயர் வைத்து, புரோகிராம் முழுக்க அங்கங்கே போட்டு வைத்திருந்தார்.

"அவர் இப்போ எங்க சார்?" என்று அண்ணி ஒரு முறை முதலாளியைக் கேட்டார்.

"வேலைய விட்டுட்டாரு" என்றார் முதலாளி. உடனே வேறு பேச்சுக்குப் போய்விட்டார்.

அந்த வெள்ளிக்கிழமை முதலாளியே அண்ணியின் மேஜைக்கு வந்தார்.

"லிஃப்ட் ஆமை மாதிரி போகுதுன்னு எல்லாரும் திட்டுறாங்க. திங்கக்கிழம புது பார்ட்டி பாக்க வருது. அந்த நில் எல்லாத்தையும் தூக்கிருங்க. நாப்பது இருக்கு."

"சுமாரா நாப்பதா சார்?"

"சரியா நாப்பது."

ஞாயிற்றுக்கிழமை மதியம் அண்ணி தனியாக அலுவலகம் போனார். என் அண்ணனுக்கு அப்போது கால் எலும்பு முறிந்து, கட்டு பிரித்து, இரண்டு ஊன்றுகோல்களோடு நடந்துகொண்டிருந்த நேரம். "நாலு மணிக்கு நானே வந்து உன்னக் கூட்டிட்டு வரேன். வீட்டுக்குள்ளயே கெடந்து பைத்தியம் புடிக்குது" என்று சொல்லியிருந்தான். அவனால் படி ஏற முடியாது. ஆறாவது மாடிக்கு லிஃப்டில்தான் வந்தாக வேண்டும். இதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அண்ணியின் வேலை சுலபமானதுதான். நூற்றுக்கணக்கான கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறக்க வேண்டியதில்லை. கறுப்புத் திரையில் ஒரு வரி தட்டினால் போதும். கூட்டத்தைப் பார்த்து, 'சிவப்புச் சட்டை போட்டவர்கள் எல்லாரும் வெளியே போங்கள்' என்று ஒரே குரலில் சொல்வது மாதிரி. இப்படித் தொடங்கி, நடுவில் எது இருந்தாலும் சரி, இப்படி முடிகிற வரிகள் என்று ஓர் அடையாளம் எழுத வேண்டும். அதை அவர்கள் பாட்டர்ன் என்பார்கள். அதே பாட்டர்னைத் தேடுகிற கட்டளையிடம் கொடுத்தால் காட்டும். அழிக்கிற கட்டளையிடம் கொடுத்தால் அழிக்கும். முதலில் தேடிப் பார், எண்ணு, பிறகு அழி. அண்ணியின் பழக்கம் அது.

தேடினார்.

நாற்பத்தொன்று.

முதலாளிக்குக் கணக்கு தப்பு என்று நினைத்துக்கொண்டார். அழிக்கிற கட்டளையைத் தட்டினார். கண் இமைப்பதற்குள் முடிந்தது. மறுபடி தேடினார். ஒன்றும் வரக் கூடாது.

ஒன்று வந்தது.

நாலாவது மாடிக்கான பகுதியில் ஒரே ஒரு வரி. 'நில்', ஒரு நொடி.

அப்போது வெளியே லிஃப்ட் வந்து நின்றது. டிங்.

அலுவலகக் கண்ணாடிக் கதவுக்கு நேர் எதிரே லிஃப்ட். அண்ணி நிமிர்ந்து பார்த்தார். கதவு திறந்தது. உள்ளே யாரும் இல்லை. கதவு மூடியது. யாரோ கீழே பொத்தானை மாற்றி அழுத்தியிருப்பார்கள் என்று திரும்பிக்கொண்டார்.

முதுகுக்குப் பின்னால் மூடிய கதவில் சத்தம்.

டொக்... டொக்.

லிஃப்ட் பழசு, ஏதாவது தட்டியிருக்கும். அண்ணி பாட்டர்னைப் பார்த்தார். எழுத்துக்கு எழுத்து சரி. தேடுகிற கட்டளையின் கண்ணில் படுகிற வரி அழிக்கிற கட்டளைக்கு மட்டும் எப்படித் தெரியாமல் போகும்? கோப்பு பூட்டியிருக்கிறதா? இல்லை. அதே கோப்பில் இருந்த மற்ற நில் எல்லாம் போய்விட்டன. இது ஒன்றுதான் நின்றது.

மறுபடி அழித்தார். மறுபடி தேடினார்.

அதே வரி இருந்தது. ஆனால் ஒரு நொடி இல்லை. இப்போது ஐந்து நொடி.

டிங்.

கதவு திறந்தது. யாரும் இல்லை. கதவு உடனே மூடவில்லை. அண்ணி தன்னை அறியாமல் எண்ணினார். ஒன்று... இரண்டு... மூன்று... நாலு... ஐந்து.

மூடியது.

டொக்... டொக்.

அண்ணி விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டார். ஏனென்றால் அவர் திருத்திக்கொண்டிருந்தது வெறும் எழுத்து. அவருடைய கணினியில் இருக்கிற எழுத்து. அதைத் திங்கட்கிழமை லிஃப்டுக்குள் ஏற்றினால்தான் லிஃப்டுக்குத் தெரியும். சமையல் குறிப்பைத் திருத்தினால் அடுப்பில் இருக்கிற குழம்பு மாறாது, இல்லையா?

யாரோ வேறு இடத்திலிருந்து விளையாடுகிறார்கள் என்று நெட்வொர்க் வயரைப் பிடுங்கிப் போட்டார். முதலாளிக்குப் போன் செய்தார். எடுக்கவில்லை.

மூன்றாவது முறை அழித்தார்.

இருபது நொடி.

டிங்.

திறந்த கதவு திறந்தபடியே இருந்தது. உள்ளே விளக்கு. கண்ணாடி. அந்தக் கண்ணாடியில் அண்ணிக்குத் தன் மேஜை தெரிந்தது, நாற்காலி தெரிந்தது, தான் தெரிந்தார். வேறு யாரும் தெரியவில்லை. ஆனாலும் யாரோ உள்ளே நின்று பொறுமையாகத் தன்னைப் பார்ப்பதாகவே இருந்தது என்றார். எழுந்து ஓட வேண்டும் என்று தோன்றியது. ஓடினால் அந்தக் கதவுக்கு முன்னால்தான் ஓட வேண்டும்.

எண்ணி முடித்தார். மூடியது.

டொக்... டொக்.

பயம் முற்றினால் சிலருக்குக் கோபம் வரும். அண்ணி அந்த ரகம். கட்டளையும் வேண்டாம் பாட்டர்னும் வேண்டாம் என்று கோப்பைத் திறந்தார். அந்த வரிக்குப் போனார். ஒவ்வொரு எழுத்தாகக் கையால் அழித்தார். சேமித்தார். தேடினார்.

ஒன்றுமே வரவில்லை. திரை காலி.

லிஃப்டும் வரவில்லை. டிங் இல்லை. டொக் இல்லை.

"அப்பாடா" என்று வாய்விட்டுச் சொன்னார்.

மணி மூன்று ஐம்பத்தாறு. போன் அடித்தது. அண்ணன்.

"கொஞ்சம் சீக்கிரமே வந்துட்டேன். லிஃப்ட்ல ஏறிட்டேன்."

"எறங்குங்க."

"என்னது?"

"எறங்குங்கன்னு சொல்றேன். ஏறாதீங்க."

"கதவு மூடிருச்சும்மா. என்ன ஆச்சு..."

லைன் போய்விட்டது.

லிஃப்டுக்கு மேலே எண் ஓடியது. ஒன்று. இரண்டு. மூன்று.

நாலு.

நாலிலேயே நின்றது.

அண்ணி திரையைப் பார்த்தார். பார்க்காமல் இருந்திருக்கலாம்.

வரி திரும்ப வந்திருந்தது. அதே இடம். நாலாவது மாடி. 'நில்'. எத்தனை நொடி என்று எழுதும் இடத்தில்... எதுவும் இல்லை.

கணக்கே இல்லாமல் நில்.

"அவர விட்டுரு" என்றார் அண்ணி. யாரிடம் சொன்னார் என்று அவருக்கே தெரியாது. "இனிமே நான் எதையும் தொட மாட்டேன். அவர விட்டுரு."

படியில் இறங்கி ஓடினார்.

ஐந்தாவது மாடி.

நாலாவது மாடி. அங்கே மட்டும் விளக்கு இல்லை.

லிஃப்டின் வெளிச்சம் மட்டும் தரையில் சதுரமாக விழுந்திருந்தது. அந்தச் சதுரத்துக்கு வெளியே, தரையில், என் அண்ணன் உட்கார்ந்திருந்தான். ஓர் ஊன்றுகோல் கையில். இன்னொன்று லிஃப்டுக்குள் கிடந்தது.

"அத எடுக்கணும்" என்று எழப் பார்த்தான்.

அண்ணி அவன் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

அதே நொடி... கதவு திறந்தபடியே... லிஃப்ட் கீழே போனது.

இறங்கவில்லை. விழுந்தது.

டமார்.

கட்டடமே ஆடியது. தூசி மேலே வந்தது. அதற்குப் பிறகு ஒரு சத்தமும் இல்லை.

அண்ணனைச் சுவரோரமாக நகர்த்தி உட்கார வைத்துவிட்டு அண்ணி கேட்டார். "நீங்க ஏன் இங்க எறங்குனீங்க?"

"கதவு தெறந்துச்சு. மூடவே இல்ல. யாரோ புடிச்சுக்கிட்டு இருந்தாங்க."

"யாரு?"

"ஆளப் பாக்கல. கை மட்டும்தான்."

"எந்தப் பக்கம் நின்னாரு?"

அண்ணன் காட்டினான். கதவு போய்ச் செருகிக்கொள்ளுமே, சுவரும் கதவும் சேருகிற இடம்... ஒரு விரல் நுழையாத அந்த இடுக்கு. அங்கிருந்து நாலு விரல் வெளியே வந்து கதவைப் பிடித்திருந்ததாம். அவன் வெளியே காலை வைத்த பிறகு அந்த விரல்கள் கதவை இரண்டு தட்டு தட்டினவாம்.

மறுநாள் லிஃப்ட் மெக்கானிக் வந்தார். கம்பெனியின் பழைய ஆள். பிரேக் முழுசாகத் தேய்ந்து போயிருந்தது என்றார். நாலில் இறங்காமல் உள்ளேயே இருந்திருந்தால் அண்ணன் பிழைத்திருக்க மாட்டார் என்றார். அண்ணி அந்த டொக் டொக்கைச் சொன்னதும் மெக்கானிக் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

"நிதானம் சார் அப்படித்தாம்மா. லிஃப்ட்ல கால வைக்கிறதுக்கு முன்னாடி கதவ ரெண்டு தட்டு தட்டுவாரு."

"அவர்தான் வேலைய விட்டுட்டாரே?"

"யாரு சொன்னா? இதே லிஃப்ட்லதான் செத்தாரு. நாலாவது மாடில. முதலாளி ஒரு தடவ இதே மாதிரி நில் எல்லாத்தையும் எடுத்துட்டு ஓட்டிப் பாக்கச் சொன்னாரு. சார் கதவு இடுக்குல கைய விட்டுப் பாத்துக்கிட்டு இருந்தாரு. லிஃப்ட் நிக்கல."

அண்ணி நேராக முதலாளி அறைக்குப் போனார். எதுவும் கேட்கவில்லை. தேடியபோது நாற்பத்தொன்று வந்தது என்று மட்டும் சொன்னார்.

முதலாளியின் முகத்தில் ஈயாடவில்லை.

"நாப்பதுதான் இருந்துச்சு" என்றார். "அவர் போனதுக்கப்புறம் நாப்பதையும் நான்தான் என் கையால திரும்பப் போட்டேன். நாலாவது மாடிக்கு அவரும் எழுதல. நானும் எழுதல."

அண்ணி அழித்த நாற்பதையும் திரும்பப் போட்டுவிட்டு வேலையை விட்டுவிட்டார். கிளம்புவதற்கு முன் பழக்கதோஷத்தில் கடைசியாக ஒரு முறை தேடிப் பார்த்திருக்கிறார்.

நாற்பத்திரண்டு.

புதிதாக வந்தது எந்த மாடிக்கு என்று கேட்டால் சொல்ல மாட்டேன் என்கிறார். நானும் இப்போதெல்லாம் கேட்பதில்லை. எங்கள் குடியிருப்பில் இருக்கும் லிஃப்டும் அதே கம்பெனி போட்டதுதான். கால் சரியாகிவிட்ட என் அண்ணனையும், என்னையும், ஒன்பதாவது மாடி வரைக்கும் அண்ணி படியில்தான் ஏற வைக்கிறார்.