சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் கழித்து

போன ஞாயிற்றுக்கிழமை மகள் வீடியோ கோலில் வந்தாள். கம்பஸ் போய் மூன்று மாதம்தான் ஆகிறது, அதற்குள் அவளுக்கு உடம்பைப் பற்றிய ஞானம் பிறந்துவிட்டது. கையில் கட்டியிருக்கிற கடிகாரம் எத்தனை அடி நடந்தாள் என்று எண்ணிச் சொல்கிறதாம். "அம்மா, இங்க பாருங்க, என் காலச் சாப்பாடு" என்று ஒரு கிண்ணத்தைக் காட்டினாள். ஓட்ஸ், வாழைப்பழத் துண்டு, மேலே தூவிய ஏதோ கறுப்பு விதை. எல்லாம் நல்லாத்தான் இருந்தது. கிண்ணத்துக்குப் பக்கத்தில் ஆவி பறக்க ஒரு கோப்பை தேநீரும் இருந்ததைப் பார்த்தேன் பாருங்கள், அவ்வளவுதான்.

"அதத் தள்ளி வை! மொதல்ல அதத் தள்ளி வை!" என்று நான் போட்ட சத்தத்தில், பாம்புதான் வந்துவிட்டதோ என்று என் கணவர் குசினியிலிருந்து ஓடி வந்தார்.

"ஐயோ, ஆரம்பிச்சிட்டாங்க" என்று மகள் போனை வைத்துவிட்டாள்.

சொல்ல மறந்துவிட்டேன், நான் உடற்கல்வி ஆசிரியை. ஹட்டன் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் விசில் ஊதிப் பிழைக்கிறேன். இப்போது என்னைப் பார்க்கிறவர்கள் நம்பமாட்டார்கள். பிள்ளைகளை மைதானத்தைச் சுற்றி ஓடச் சொல்லிவிட்டு நான் மர நிழலில் நின்றுகொள்வேன். "நீங்களும் ஓடிக் காட்டுங்க மிஸ்" என்று எவளாவது துடுக்காகக் கேட்டால், முழங்கால் வலி என்று ஒரு பொய் தயாராக இருக்கும். மேசை லாச்சிக்குள் ஒரு தைலப் போத்தலும் வைத்திருக்கிறேன், சாட்சிக்கு. ஆனால் அந்த மூடியைத் திறந்தால் போதும், இருபத்தைந்து வருடம் பின்னால் போய்விடுவேன்.

ஆசிரியர் கல்லூரியின் விடுதி அறை முழுக்க அந்தத் தைல வாசம்தான். காயாத துணி, ஈரச் சப்பாத்து, மூலையில் பூஞ்சணம் பிடித்த சுவர், எல்லாவற்றுக்கும் மேலே தைலம். இரண்டு கட்டில் போட்ட அறை. ஒன்றில் நான், மற்றதில் ரிஸ்வானா. வலப்பனையில் அவளுடைய வாப்பா மளிகைக் கடை வைத்திருந்தார். அவள் மனையியல் படிக்க வந்தவள், நான் உடற்கல்வி. எங்கள் இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் நிற்க வைத்துப் பார்த்தவர்கள், பாடத்தை மாற்றிக் கொடுத்துவிட்டார்களோ என்றுதான் நினைத்திருப்பார்கள். அவள் நல்ல பூசினாற்போல இருப்பாள். நான் எங்கள் ஊர்க் கந்தப்பளைக் காற்று கொஞ்சம் பலமாக அடித்தால் கொடிக்கம்பியைப் பிடித்துக்கொள்ள வேண்டிய ஆள்.

நான் உடற்கல்விக்கு எடுபட்ட செய்தி வந்த அன்று எங்கள் தோட்டத்து லயம், அந்த வரிசை வீடுகள் முழுக்க, அமளிப்பட்டது. "ஓடுறதுக்கெல்லாமா சம்பளம் குடுப்பாங்க?" என்று சுவருக்கு அந்தப் பக்கம் அடுத்த காம்பராவில் குடியிருந்த அக்கா வாய் பிளந்தார். கொழுந்து பறித்துவிட்டு வந்த அம்மா தலையிலிருந்த துண்டைக்கூட அவிழ்க்காமல் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார். எனக்கோ தலைகால் புரியாத பெருமை. ஏழு வயதிலிருந்து மலை ஏறி இறங்கின கால் இது, எவள் என்னை முந்துவாள் என்ற நினைப்பு.

அந்த நினைப்பு மூன்று நாள்தான் நின்றது. காலை ஐந்தரைக்கு, முன்னால் ஓடுகிறவளின் முதுகுகூடத் தெரியாத பனியில் மைதானத்தைச் சுற்ற வேண்டும். ரிஸ்வானா உடம்பைக் குறைக்க வேண்டுமென்று தானாகவே எங்களோடு சேர்ந்துகொண்டாள். தலையில் துப்பட்டாவை இறுக்கிக் கட்டி, நீளக் கால்சட்டை போட்டு, "யா அல்லாஹ், யா அல்லாஹ்" என்று சொல்லிக்கொண்டே ஆறு சுற்று முடித்துவிடுவாள். நான் இரண்டாவது சுற்றிலேயே மூச்சு வாங்கி, மூன்றாவதில் உட்கார்ந்துவிடுவேன். உடற்கல்வி விரிவுரையாளரான பெரிய மிஸ் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "தோட்டத்துப் புள்ளதானே நீ? மூணு ரவுண்டுக்கே இப்புடியா?" என்று கேட்டார். எனக்கு மானமே போய்விட்டது.

ஹட்டனில் இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். இரத்தத்தில் இரும்பு போதாது, சோகை என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். பெரிய மிஸ் கடிதத்தைப் படித்துவிட்டு நேராகவே சொன்னார். தவணை முடிவதற்குள் இரத்தம் கூடாவிட்டால் என்னை ஓடவிட மாட்டார். ஓடாமல் உடற்கல்வி முடிக்க முடியாது. வேறு பாடத்தில் இடமும் இல்லை. பெட்டியைக் கட்டிக்கொண்டு கந்தப்பளைக்குப் போக வேண்டியதுதான். ஓடுறதுக்குச் சம்பளமா என்று கேட்ட அக்காவின் முகம்தான் முதலில் ஞாபகம் வந்தது. அம்மாவின் முகத்தை நினைக்கவே பயமாக இருந்தது.

சும்மா சொல்லக்கூடாது, அதற்குப் பிறகு நான் சாப்பிட்ட சாப்பாடு இருக்கிறதே! அம்மா பஸ் கண்டக்டரிடம் கொடுத்து பீட்ரூட்டும் கீரையும் அனுப்புவார். சிவப்பாக இருப்பதெல்லாம் இரத்தம் ஊறும் என்பது எங்கள் லயத்து வைத்தியம். பீட்ரூட் தின்று தின்று என் நாக்கு கிளி மூக்கு மாதிரி ஆனதுதான் மிச்சம். ரிஸ்வானாவின் வீட்டிலிருந்து பேரீச்சம்பழப் பொதி வரும், ஞாயிற்றுக்கிழமையில் ஈரல் பொரியலும் வரும். "தின்னு புள்ள, உம்மா ஒனக்குன்டே அனுப்பின" என்று அவள் என் தட்டில் தள்ளுவாள். உடம்பைக் குறைக்க வந்தவள் பக்கத்திலிருந்து மணத்தை மட்டும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அந்த மனசு எத்தனை பேருக்கு வரும், சொல்லுங்கள்! விடுதிச் சாப்பாட்டில் கௌபிப் பயறு, நெத்தலி, பருப்பு எதையும் விடவில்லை. ஆஸ்பத்திரியில் கொடுத்த இரும்புக் குளிசையும் மூன்று வேளை தவறாமல் போட்டேன்.

ஆறு வாரம் கழித்து மறுபடி இரத்தம் எடுத்தார்கள். கூடவில்லை. ஒரு புள்ளி குறைந்துகூட இருந்தது. அன்றைக்கு நான் அழுத அழுகையில், விடுதிப் பொறுப்பாளர் யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்துக் கதவைத் தட்டினார்.

விஷயம் பிடிபட்டது ஒரு சனிக்கிழமை மத்தியானம். ரிஸ்வானா கட்டிலில் சாய்ந்துகொண்டு பரீட்சைக்கு நோட்டைச் சத்தமாகப் பாடமாக்கிக்கொண்டிருந்தாள். நான் சாப்பிட்டு முடித்து, குளிசையை வாயில் போட்டு, வழக்கம்போல ஒரு கோப்பைக் கடும் சாயத் தேநீரை மடமடவென்று குடித்தேன். தோட்டத்தில் மாதாமாதம் கொடுக்கிற தேயிலைத் தூள்; அம்மா கட்டி அனுப்புவார். காலையில் ரொட்டியோடு ஒரு கோப்பை, மத்தியானம் சோற்றோடு ஒன்று, இரவில் ஒன்று. பால்குடி மறந்த நாளிலிருந்து எங்களுக்கு அப்படித்தான் பழக்கம். சாப்பாட்டுக்குத் தண்ணீர் குடிப்போமா என்ன?

வாசித்துக்கொண்டிருந்தவள் சட்டென்று நிறுத்தினாள். கோப்பையைப் பார்த்தாள், நோட்டைப் பார்த்தாள்.

"அடியேய், நீ தேத்தண்ணியிலயா குளிசையப் போடுற?"

"ஆமா. பின்ன எதுல போடுறது?"

"இங்க எழுதி ஈக்கிது. சாப்பாட்டோட தேத்தண்ணி குடிச்சா இரும்புச் சத்து ஒடம்புல ஒட்டாதாம். நீ தின்ட ஈரல், கீர, எல்லாம் வீண் புள்ள!"

எனக்கு வந்ததே கோபம். அம்மா பறிக்கிற கொழுந்தையா குறை சொல்கிறாள்? "ஒங்க கடப் பேரீச்சம்பழம் நல்லது, எங்க தோட்டத்துத் தேத்தண்ணி கெட்டதா?" என்று கத்திவிட்டேன். இரண்டு நாள் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. என்ன அநியாயம்! அவள் வீட்டு ஈரலையும் தின்றுவிட்டு அவளையே ஏசியிருக்கிறேன்.

மூன்றாம் நாள் குளிசை வாங்கப் போன இடத்தில் சிங்களத் தாதியிடம் மெதுவாகக் கேட்டேன். அவர் கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டு, "கேம எக்க தே பொன்ன எபா!" என்று தலையில் அடித்துக்கொண்டார். சாப்பாட்டோடு தேநீர் கூடவே கூடாது, முன்னும் பின்னும் ஒரு மணித்தியாலம் விடு, குளிசைக்குத் தேசிக்காய் பிழிந்த புளித் தண்ணீர் குடி என்றார். ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றிய கதைதான் இவ்வளவு நாளும் நடந்திருக்கிறது. திரும்பி வந்து ரிஸ்வானாவின் கட்டிலில் உட்கார்ந்து, "என்ன ரெண்டு அடி அடிச்சிரு" என்றேன். அவள் அடிக்கவில்லை. என் தேயிலை டப்பாவை எடுத்துத் தன் பெட்டிக்குள் வைத்துப் பூட்டி, சாவியைக் கழுத்துச் சங்கிலியில் கோத்துக்கொண்டாள்.

முதல் வாரம் தலைவலி மண்டையைப் பிளந்தது. சாப்பிட்டுவிட்டு மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பேன். "இன்னும் பத்து நிமிசம் ஈக்கி" என்பாள் அந்தச் சண்டாளி, கண்ணைக்கூடத் திறக்காமல்.

இடையில் ஒரு கிழமை லீவில் வீட்டுக்குப் போனேன். அம்மா சுடச்சுட ரொட்டி, கட்டச் சம்பல், பெரிய கோப்பையில் தேத்தண்ணீர் எல்லாம் கொண்டுவந்து வைத்தார். தேத்தண்ணீர் பிறகு என்றதும் அவர் முகம் சுருங்கிப்போனது. "காலேஜுக்குப் போனதும் அம்மா ஊத்துன தேத்தண்ணி கசக்குதாக்கும்" என்றார். நான் உட்கார வைத்து விளக்கினேன். கேட்டுவிட்டுச் சிரித்தார். "இருவத்தஞ்சு வருசமா பறிக்கிறேன், அதத்தான் குடிக்கிறேன். எனக்கு என்னா ஆயிருச்சு?" என்று சொல்லிக்கொண்டே எழுந்தார். எழுந்தவர் அப்படியே கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி நின்றார்.

"ஒண்ணுமில்ல, கண்ணு இருட்டுது. நின்னா சரியாயிரும்."

இதை நான் புதிதாகப் பார்க்கவில்லை. அந்தியில் வேலை விட்டு வந்ததும் அம்மா நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்பார். அடுத்த காம்பரா அக்காவும் நிற்பார். நரை வருவதுபோல இதுவும் வயதானால் வருவது என்று நினைத்திருந்தேன். வயதானால்! அம்மாவுக்கு அப்போது நாற்பத்து மூன்று. தாதி எனக்குச் செய்ததுபோல அம்மாவின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன். சிவப்பே இல்லை. ஓட முடியவில்லை என்று ஊரைக் கூட்டி அழுதவள் நான். இந்த உடம்போடு அம்மா கூடையைச் சுமந்து ஏறியிருக்கிறார். அப்போதே ஆஸ்பத்திரிக்குப் புறப்படச் சொன்னேன்.

ஆஸ்பத்திரிக்கு வர மாட்டேன் என்று ஒரே பிடிவாதம். ஒரு நாள் வேலை, அதாவது ஒரு பேர், போய்விடுமாம். கடைசியில் ஒரு பேச்சுக்கு வந்தார். "நீ மொதல்ல பாஸாகு. அந்தத் தேத்தண்ணிக் கத உண்மைன்னா நானும் வர்றேன்."

அதற்குப் பிறகு என் இரத்தம் எனக்கு மட்டும் கூட வேண்டியதாக இல்லை. தவணை முடிவில் ஹட்டனில் எடுத்த கடதாசியைப் பெரிய மிஸ் இரண்டு தரம் படித்தார். "நாளைக்குக் காலையில மைதானத்துக்கு வா" என்றார், அவ்வளவுதான். ஆறு சுற்றும் ஓடினேன். ரிஸ்வானா ஐந்தாவதில் நின்று கையைத் தட்டிக்கொண்டிருந்தாள். அடுத்த வாரமே அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். அவருடைய இரத்தக் கணக்கு என் பழைய கணக்கைவிடக் கீழே இருந்தது. "பாத்தியா, இதுலயும் நான் ஒனக்கு அம்மாதான்" என்றார், கொழுப்பு குறையாமல். ஆனால் சொன்ன வாக்கைக் காப்பாற்றினார். மலையில் பத்து மணிக்கு எல்லாரும் ரொட்டியைச் சாயத்தில் நனைத்துத் தின்ன, அம்மா மட்டும் ரொட்டிக்குப் பச்சைத் தண்ணீர் குடித்தார். சாயப் போத்தலை ஒரு மணித்தியாலம் கழித்துத்தான் திறப்பார். "காலேஜ் அம்மா" என்று பேர் வைத்துச் சிரித்தார்களாம். சிரித்த அக்காவே இரண்டு மாதத்தில் எங்கள் காம்பராவுக்கு வந்து, எத்தனை மணிக்கு என்ன குடிக்க வேண்டும் என்று கேட்டுவிட்டுப் போனார்.

இன்றைக்கு அந்த விடுதிக் கட்டடம் இல்லை. நாங்கள் காலையில் ஓடிய பாதையில் ஹோட்டல்கள் வந்துவிட்டன. பனியைப் பார்க்க வருகிறவர்களின் வேன்கள் வரிசையாக நிற்கின்றன. ரிஸ்வானா கல்யாணம் முடித்துக் கடல் கடந்து போய்விட்டாள். பெருநாளைக்குப் போனில் பேசும்போது, அடுத்த மாதத்திலிருந்து நடக்கப்போவதாக ஒவ்வொரு வருடமும் சத்தியம் செய்வாள். எங்கள் லயத்தை உடைத்துத் தனி வீடுகள் கட்டிவிட்டார்கள். போனதையெல்லாம் நினைத்தால் எனக்கு நெஞ்சு கனக்கும், ஒன்றைத் தவிர. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி நின்ற அம்மாவை இப்போது எங்கேயும் காண முடியாது.

போன திருவிழாவுக்கு அம்மாவோடு மலைக்கோயிலுக்குப் போயிருந்தேன். அறுபத்தெட்டு வயது. கொஞ்சம் முன்னால் நடக்கிறார் என்றுதான் நினைத்தேன். நிமிர்ந்து பார்த்தால் கடைசிப் படியில் நிற்கிறார். நான் பாதியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தேன். மேலேயிருந்து ஊருக்கே கேட்கிற குரலில் கத்தினார்.

"டீச்சரம்மா! என்னா, கண்ணு இருட்டுதா? நான் எறங்கி வரட்டுமா?"