மந்தைவெளியிலிருந்து அடையாறுக்கு ஓர் ஒட்டு உத்தரத்துடன்

சென்ற சனிக்கிழமை நான் போன தூரம் இரண்டே முக்கால் மைல்தான். இதற்கு ஒரு பயணக் கட்டுரையா என்று கேட்பவர்கள், பதினெட்டு அடி உத்தரம் ஒன்றைக் கூட அழைத்துக்கொண்டு ஒருமுறை அந்த வழியே போய்ப் பார்க்கவும்.

போன காரணம் அடையாறிலுள்ள நம் பள்ளியின் நூலகம். அது கீற்றுக் கொட்டகையில் இருப்பது உங்களுக்குத் தெரியும். போன மழையில் சரித்திரப் புத்தகங்கள் ஊறி, மொகலாயர்களும் மராட்டியர்களும் பிரிக்க முடியாதபடி ஒட்டிக்கொண்டார்கள். யுத்தம் முடிந்த பிறகும் இரும்புக்கும் சிமென்ட்டுக்கும் பர்மிட் கிடைப்பதாயில்லை. அதனால் என் அப்பா, கட்டடங்களுக்குப் படம் வரைபவர், மெல்லிய பலகைகளை ஒட்டிச் செய்த உத்தரங்களை வைத்துப் புதிய கூடம் ஒன்றை வரைந்தார். நம் பள்ளி மானேஜர் ஒரு நிபந்தனை போட்டார். முதலில் ஓர் உத்தரம் வரவேண்டும். அதன்மேல் பன்னிரண்டு பெண்கள் உட்காரவேண்டும். தாங்கினால் கூடம், தொங்கினால் பழையபடி கீற்று.

அப்பா பென்சிலால் நன்றாகப் பேசுவார். பெரிய மனிதர்கள் முன்னால் வாயால் பேசவேண்டி வந்தால் தொண்டையைச் செருமுவார், அவ்வளவுதான். ஆகவே பேசுவதற்கு நான் போனேன்.

காலை ஆறே முக்காலுக்கு மயிலாப்பூர் குளக்கரையிலிருந்து நடந்தோம். மந்தைவெளியில் கபூர் பாயின் மரவாடிக்குப் பதினெட்டு நிமிஷம். உத்தரம் அங்கே தயாராக இருந்தது. ஓர் அங்குலப் பலகைகள் எட்டு, ஒன்றன்மேல் ஒன்றாக. ஆணி கிடையாது. பாலைத் திரித்து, சுண்ணாம்பு சேர்த்துச் செய்த பசை மட்டும். (அதற்காக எங்கள் வீட்டுப் பாலையும் அப்பா எடுத்துப் போனபோது அம்மா, "குழந்தைக்குக் காப்பிக்குப் பாலில்லே, கட்டைக்கு ஊத்தறேளா?" என்று கேட்டாள். குழந்தை என்றது என்னை.) முழு மரத்தில் ஒரு பெரிய கணு இருந்தால் அந்த இடமே பலவீனம். எட்டுப் பலகையில் கணுக்கள் எட்டு இடங்களில் சிதறிப்போவதால் ஒன்றின் குறையை மற்ற ஏழும் சுமக்கின்றன. எங்கள் வகுப்புக் கணக்குத் தேர்வு நடக்கும் முறையும் ஏறக்குறைய இதுதான்.

உத்தரம் நேராக இல்லை. நடுவில் ஒன்றரை அங்குலம் மேடாக வளைந்திருந்தது. பாரம் ஏறினால் சற்று இறங்குமல்லவா, அதற்காக முன்கூட்டியே வைத்த வளைவு. கபூர் பாய் காவியைக் கரைத்து, மேட்டுப் பக்கத்தில் ஒரு முனையில் 'மேல்' என்று பெரிதாக எழுதினார்.

"பாப்பா, மேடு மேலதான் இர்க்கணும். மாத்திப் போட்டுட்டு பாய் ஏமாத்திட்டான்னு சொல்லக்கூடாது, ஆமா!"

ஏழரை மணிக்கு ஏழுமலையின் கட்டை வண்டி புறப்பட்டது. வாடகை ஒன்றே கால் ரூபாய். உத்தரம் பின்னால் ஏழடி நீட்டிக்கொண்டிருந்ததால் சிவப்புத் துணி கட்டவேண்டும் என்றார் ஏழுமலை. துணி இல்லை. என் பின்னலிலிருந்து ஒரு சிவப்பு ரிப்பனை அவிழ்த்துக் கொடுத்தேன். பிறகு அவர் முன்பக்கம், உத்தரத்தின் மேலேயே, சுகமாக உட்கார்ந்துகொண்டார்.

அடையாறு பாலத்தை எட்டேகாலுக்கு அடைந்தோம். அங்கே காற்று மிக நன்றாக இருக்கும் என்று எழுத நினைத்திருந்தேன். ஆனால் பின்னால் ஒரு பஸ் வந்துவிட்டது. முந்தவும் முடியவில்லை, நிற்கவும் மனமில்லை.

"யோவ், இன்னா வாலு இது? சுருட்டி வச்சிக்கினு போய்யா!" என்றார் கண்டக்டர்.

"உன் பஸ்ஸ சுருட்டு நைனா, நான் ஓரமா போறேன்!" என்றார் ஏழுமலை.

பஸ்ஸிலிருந்தவர்கள் எல்லாம் என் ஒற்றை ரிப்பனையும் உத்தரத்தின் ரிப்பனையும் மாறி மாறிப் பார்த்தார்கள். அப்பா நதியைப் பார்த்தார்.

ஒன்பது மணிக்குப் பள்ளி. இங்கேதான் தவறு நடந்தது. நானும் அப்பாவும் தலைமையாசிரியையான பெரிய டீச்சரைப் பார்த்துவிட்டு வருவதற்குள் வாட்ச்மேனும் மூன்று பேரும் உத்தரத்தை இறக்கி இரண்டு கல் மேடைகளின்மேல் வைத்துவிட்டார்கள், தலைகீழாக. நடு பள்ளமாகத் தொங்கியது.

"பொண்ணுங்க உட்காரப் போவுதுங்க. பள்ளமா இருந்தா வழுக்காது பாரு," என்றார் வாட்ச்மேன் அன்பாக.

அதற்குள் மானேஜர் வந்து பார்த்துவிட்டார். "ஒருத்தரும் உட்காரலை. அதுக்குள்ள தொங்கிப் போச்சே?"

அப்பா தொண்டையைச் செருமினார்.

"சார், தலைகீழாக இருக்கிறது. திருப்பினால் மேடு மேலே வரும்," என்றேன்.

"தொங்கின மரத்தைத் திருப்பிப் போட்டா மேடாத்தாம்மா தெரியும். வர்றப்பவே இப்படி இல்லேன்னு என்ன அத்தாட்சி?"

நியாயமான கேள்வி. நான் குனிந்து அடிப்பக்கம் பார்த்தேன். 'மேல்' இருந்த இடத்தில் வெறும் காவிக் கறை. அப்போது, உட்கார்ந்து காட்டுவதற்காக வரிசையில் நின்ற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ஏழுமலை எங்களுக்கு முதுகு காட்டி மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டிருந்தார். அவர் வெள்ளை வேட்டியின் பின்புறத்தில், காவியில், கொட்டை எழுத்தில் ஏதோ அச்சாகியிருந்தது. ஈரத்தின்மேல் உட்கார்ந்திருக்கிறார்!

நல்ல குடும்பத்துப் பெண் இதை எப்படிச் சொல்வது? நூலகத்தை நினைத்துக்கொண்டேன்.

"சார், தயவுசெய்து வண்டிக்காரரின் பின்பக்கத்தைப் படிக்கவேண்டும்."

பெரிய டீச்சர் கண்ணை மூடிக்கொண்டார். மானேஜர் தியாகராய நகரில் அச்சாபீஸ் வைத்திருப்பவர். இடவலம் மாறிய எழுத்து அவருக்குத் தினசரிப் பழக்கம். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஏழுமலையை நெருங்கினார்.

"இன்னா சாமி, இன்னா பாக்குற?"

"அசையாதேப்பா. மே... ல். 'மேல்'!"

பிறகு உத்தரத்தின் அடியில் குனிந்து, மேட்டுப் பக்கத்துக் கறையைப் பார்த்து, கையால் அளந்து, மறுபடி ஏழுமலையிடம் வந்து அளக்கப் போனார்.

"யம்மாடி, பொம்பளப் புள்ளைங்க இஸ்கூல்ல மானத்த வாங்குறியே!" என்று ஏழுமலை மாட்டுக்குப் பின்னால் ஒளிந்தார்.

"மேட்டுப் பக்கத்துலதான் 'மேல்'னு எழுதியிருக்கு. திருப்பிப் போடுங்க," என்றார் மானேஜர்.

பன்னிரண்டு பேர் ஏறி உட்கார்ந்தோம். ஒரு சத்தமில்லை. அப்பா முனைக்கு முனை நூல் கட்டி அளந்தார். கால் அங்குலத்துக்குச் சற்று அதிகமாக இறங்கியிருந்தது. மேடு இன்னும் பாக்கி இருந்தது. அப்பா செருமவேயில்லை. "தாங்கும்," என்றார். அன்று அவர் பேசியது அந்த ஒரு வார்த்தைதான். அது போதுமானதாக இருந்தது.

இன்னும் ஐந்து உத்தரங்கள் வரவேண்டும். சனிக்கிழமைதோறும் இரண்டு மாணவிகள் துணை போகவேண்டும் என்பது பெரிய டீச்சர் உத்தரவு. அவர்களுக்காகவே இதை எழுதினேன். ஏழு மணிக்கே புறப்பட்டால் பாலத்தில் பஸ் தொல்லை இல்லை. உபரி ரிப்பன் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். காவி காய அரை மணி நேரமாவது ஆகும். பாய் வீட்டுத் தேநீரைக் குடித்தபடி காத்திருங்கள். உத்தரத்தை இறக்கும்போது பெரிய டீச்சரைப் பார்க்க இருவரும் சேர்ந்து போகாதீர்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் எது மேல் என்று சந்தேகம் வந்தால், ஏழுமலையை எழுந்து நிற்கச் சொல்லுங்கள். மரியாதையாகக் கேட்கவேண்டும்.