மூன்றாம் எண் கல்

எலியா கம்பவுண்டரின் மூத்த மகள் தங்கபாய்க்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. கேட்டவனுக்கு உண்மையைச் சொல்லிவிடுவாள், கேட்காதவனுக்கும் சொல்லிவிடுவாள். பிரசங்கம் நீண்டுவிட்டது என்று போதகர் முகத்துக்கு நேரே சொன்னவள். பெண்பார்க்க வந்தவர்களிடம், அடுக்களையில் எனக்கு மனசு போகாது, வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கத்தான் பிடிக்கும் என்று சொல்லிக் காப்பி கொடுத்து அனுப்பியவள். அப்படிப்பட்டவள் பாறசாலைக்குக் கிழக்கே ஒரு செம்மண் மேட்டில், ஊர் கூடி நிற்க, ஒரு பொய் சொன்னாள். அவள் சொன்னதில் ஊர் சந்தேகமில்லாமல் நம்பியது அந்த ஒன்றைத்தான்.

திருவனந்தபுரத்தில் பௌதிகம் படித்து முடித்து, மேற்படிப்பு ஆராய்ச்சிக்கு அவள் எடுத்துக்கொண்டது ஐப்பசி மாதத்து இடிமழை. மதியம் வரை வெயில் கொளுத்தும். திடீரென்று கிழக்கே மலைமேல் கருக்கும். பொழுது சாய்வதற்குள் கடற்கரை வரை கொட்டித் தீர்த்துவிடும். அந்த மழை மலையில் பிறந்து கடலுக்கு நடந்து போகிறதா? போகிற வழியில் எங்கே பெருக்கிறது, எங்கே மெலிகிறது? கேட்டால் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி மாதிரிதான் இருந்தது, ஆனால் அளந்து பார்த்தவர் யாரும் இல்லை. அம்பூரி மலையடியில் ஒன்று, ஒற்றசேகரமங்கலத்தில் ஒன்று, பாறசாலையில் ஒன்று, பொழியூர் கடற்கரையில் ஒன்று என்று நான்கு மழைமானிகள் வைத்தாள். மற்ற மூன்றையும் பார்த்துக்கொள்ள ஆள் பிடித்து, மழை எத்தனை மணிக்குத் தொடங்கியது என்பதையும் குறிக்கச் சொன்னாள். பாறசாலை அவள் பொறுப்பு. பேராசிரியர் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று. முழுசாக ஒரு வருஷம், நான்கு இடத்திலும், ஒரு நாள்கூட விடக் கூடாது. விட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். முடித்தால் புனாவில் வானிலை வேலைக்கு அவளைச் சிபாரிசு செய்வதாகவும் வாக்குக் கொடுத்திருந்தார்.

மழைமானி ஒன்றும் பிரமாதமான யந்திரமில்லை. ஒரு செம்பு உருளை, வாயில் புனல், உள்ளே கண்ணாடிக் குப்பி. காற்றுக்கு அசையாமலிருக்கக் கான்கிரீட் கட்டையில் பதிக்க வேண்டும். மரமும் கூரையும் மறைக்காத வெட்டவெளி வேண்டும். எலியாவின் பறம்பில், வீட்டைச் சுற்றிய தோட்டத்தில், தென்னையும் பிலாவும் ஒன்றன்மேல் ஒன்று விழாத குறையாக நின்றதால், ரோட்டோரத்து மேட்டில் இடம் பார்த்தாள். தம்பி கனகதாஸ் சிமென்ட் குழைத்துக் கொடுத்தான். கட்டைகளுக்கு வெள்ளைப் பெயின்டில் எண் போடச் சொல்லியிருந்தார் கல்லூரி ஸ்டோர்காரர். மலையிலிருந்து எண்ணிக்கொண்டு வந்ததில் பாறசாலைக்கு மூன்று விழுந்தது. சனி பிடித்தது அந்த எண்ணில்தான்.

அது 1953-ன் கடைசி. எல்லைப் போராட்டம் கொதித்துக்கொண்டிருந்தது. நெய்யாற்றின்கரைத் தாலுகா தமிழ்நாட்டோடு போகுமா, மலையாளத்தோடு கிடக்குமா என்று சாயாக்கடையில் தொடங்கிய பேச்சு படுக்கை வரைக்கும் வந்தது. கோடு போட ஆள் வரப்போகிறது, அளக்கப் போகிறார்கள் என்று நாளுக்கொரு வதந்தி. அந்த நேரத்தில் மலையிலிருந்து கடல்வரை, வரிசையாக, எண் போட்ட நாலு கல்! ஊரைக் குற்றம் சொல்ல முடியாது.

"மழை அளக்கியதாம்!" என்றார் பக்கத்துப் பறம்புக்காரர் பொன்னையன். "மழையை அளந்து எவனுக்கு என்ன காரியம்? தானா பெய்யிது, தானா ஓடுது. இது எல்லைக்கல்லாக்கும்."

தங்கபாய் புனலைக் கழற்றிக் காட்டினாள். குப்பியைக் கவிழ்த்துக் காட்டினாள். "பாரும் மாமா. இதுக்குள்ள தண்ணியில்லாம வேற என்ன உண்டு?"

"உள்ள என்ன உண்டுண்ணு ஆரு கேட்டா பிள்ளே? அடியில என்ன உண்டு, அதைப் பறை."

தமிழ்நாட்டோடு சேரத் துடித்த ஊருக்கு அது சர்க்கார் நட்ட கல். மலையாளப் போலீசுக்கு நேர் எதிரான சந்தேகம். ஒருநாள் சப் இன்ஸ்பெக்டர் ஜீப்பை நிறுத்தி இறங்கி, பூட்ஸ் காலால் கட்டையை எத்திப் பார்த்தார். "இதெந்தா கொச்சே? தமிழன்மாரு இட்ட கல்லாணோ?" கல்லூரிக் கடிதத்தை நீட்டினாள். வாசித்தார், வாசித்த பிறகும் முகம் தெளியவில்லை. இரண்டு கட்சிக்கும் பகையாக ஒரே ஒரு கல்லை நட்டுவைத்த புண்ணியம் அவளுக்குத்தான் சேரும்.

மறு வருஷம் ஆகஸ்டில் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கி வெடித்து ஆட்கள் செத்தார்கள். அதற்குப் பிறகு விளையாட்டுப் பேச்சு நின்றுபோனது. ரோட்டில் இன்னும் கொஞ்சதூரம் போனால் வரும் பழைய கட்டிடம் ஒன்றில் ரிசர்வ் போலீஸ் கேம்ப் வந்து உட்கார்ந்தது. கனகதாஸ் கல்லூரிக்குப் போவதை விட்டுவிட்டு ஜாதா ஊர்வலங்களில் கொடி பிடித்தான். தங்கபாய் தினமும் காலையில் மேட்டுக்கு ஓட்டமும் நடையுமாகப் போவாள், கல் நிற்கிறதோ இல்லையோ என்று. நின்றது. ஐப்பசியும் வந்துவிட்டது. இன்னும் சில வாரம் தாண்டினால் வருஷம் முடிந்துவிடும்.

அன்று காலையில் போலீஸ் பொன்னையனின் மகன் விஜயதாசைப் பிடித்துக்கொண்டு போனது. சுவரில் நோட்டீஸ் ஒட்டினானாம். பெற்ற தாய் பார்த்திருக்க, ரோட்டில் போட்டு அடித்துத்தான் ஜீப்பில் ஏற்றினார்கள்.

தங்கபாய்க்கு இது தெரியாது. ஒற்றசேகரமங்கலத்துக் கருவியைப் பார்த்துவிட்டு மதிய பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தாள். கேம்பைத் தாண்டும்போது எட்டிப் பார்த்தாள். வாசலில் மணல்மூட்டை அடுக்கியிருந்தார்கள். பின்னால் போலீஸ்காரர்கள் ஒருவன்கூட உட்காராமல், துப்பாக்கியைக் கையில் பிடித்து வரிசையாக நின்றார்கள். "இன்னு வெடி பொட்டும்" என்று கண்டக்டர் யாரிடமும் சொல்லாமல் சொன்னார். இன்று சுடப்போகிறார்கள் என்பது எல்லாருக்கும் விளங்கியது.

மேட்டில் இறங்கினால் கூட்டம். இருநூறு பேராவது இருக்கும், கேம்புக்குப் போகிற வழியில் கல்லைப் பிடுங்க நின்றவர்கள். நடுவில் பொன்னையன், கையில் கடப்பாரை. அவர் பக்கத்தில் கனகதாஸ்.

"எலே கனகதாசே," என்று பொன்னையன் அவன் தோளைப் பிடித்து உலுக்கினார். "உனக்க அக்காக்க கல்லு. உள்ளதைப் பறை. இது என்ன கல்லு?"

"மழை அளக்கியது மாமா. நானாக்கும் சிமென்டு குழைச்சேன். இதை விடும். நேரம் போவுது, கேம்புக்கு நடப்போம். விஜயதாசை அவனுவ கொல்லுகதுக்கு முன்ன போவணும்."

"போவோம்லே!" என்று கூட்டம் எழும்பியது.

தங்கபாய் கேம்பு வாசலின் மணல்மூட்டைகளை நினைத்தாள். முன்வரிசையில் நிற்கப்போவது தம்பியும் இந்த மனிதரும். அங்கே துப்பாக்கி நிற்கிறது என்று சொல்லலாமா? சொன்னால் இன்னும் வேகமாகப் போவார்கள். அவள் ஊரை அவளுக்குத் தெரியும். என்ன செய்வதென்று தெரியாமல், பழக்க தோஷத்தில் கிழக்கே பார்த்தாள்.

அம்பூரிப் பக்கம் மேகம் வெள்ளைவெளேரென்று உயர்ந்து, உச்சி தட்டையாகப் பரந்து, அடி மைபோலக் கருத்து நின்றது. இப்படி நின்ற நாட்களெல்லாம் அவளுக்கு மனப்பாடம். மதியம் மலையில் பிடித்தால், பெரும்பாலும் நாலு மணிக்குள் பாறசாலையில் கொட்டும். சில நாள் ஒற்றசேகரமங்கலத்தோடு கரைந்துபோய் ஏமாற்றியதும் உண்டு. கேம்புக்கு நடக்கக் கால்மணி நேரம் போதும். மழை வர ஒரு மணி நேரத்துக்குக் குறையாது. அந்த ஒரு மணி நேரம் இவர்களை இங்கேயே பிடித்து வைக்க வேண்டும். எதைக் கொடுத்து?

அவளிடம் கொடுக்க அங்கே இருந்தது ஒன்றே ஒன்றுதான்.

"அவனுக்கு ஒண்ணும் தெரியாது," என்று சத்தமாகச் சொன்னாள். கூட்டம் திரும்பியது. "மாமா சொன்னதுதான் சரி. இது எல்லைக்கல்லாக்கும்."

"எக்கா! நீ என்னத்தச் சொல்லுக?"

"நீ சும்மா கிட. சர்க்காருக்கு வேண்டி நான்தான் இட்டேன். இதை வச்சாக்கும் கோடு போடப் போறது." விடாமல் பேசினாள். "மேல தட்டினா ஒரு பிரயோசனமும் இல்ல, நாளைக்கே வந்து கட்டுவினும். அடியில ஒரு ஆளுக்க ஆழத்துக்கு அஸ்திவாரம் உண்டு. அதோட பிடுங்கணும்."

 ஒரு பெண் காறித் துப்பினாள். யாரோ அவள் அப்பன் பெயரைச் சொல்லி ஏசினான். பொன்னையன் அவளை ஏறிட்டுப் பார்த்தார். கண்ணில் கோபத்தைவிட வேதனை அதிகமாக இருந்தது. "உன்னைத் தோளில தூக்கிட்டு நடந்தவன் பிள்ளே நான்," என்றார். அடுத்த நிமிஷம் கடப்பாரை செம்பு உருளைமேல் இறங்கியது. புனல் நசுங்கியது, குப்பி உடைந்தது. பதினோரு மாசம் ஒரு காலையும் தவறாமல் குனிந்து பார்த்த கருவி அது. தங்கபாய்க்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதால் கூட்டம் சந்தேகப்படும் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

தோண்டினார்கள். மாறி மாறிக் கடப்பாரை போட்டார்கள். கட்டை முழங்கால் ஆழத்துக்குக்கூட இல்லை. அவள் நினைத்ததைவிடச் சீக்கிரம் புரண்டு வந்துவிட்டது.

"ஒரு ஆளுக்க ஆழம் எங்க?"

"இன்னும் கீழ," என்றாள். "இரும்புக்கம்பி இறக்கியிருக்கு."

செம்மண் போய் வெட்டுக்கல் வந்தது. கடப்பாரை பட்டுத் தீப்பொறி பறந்தது. மேகம் இருந்த இடத்திலேயே இருந்தது. காற்று அசையவில்லை. தங்கபாய் கர்த்தரிடம் மழை கேட்டாள். அதுவரை அவள் மழையை அளந்ததுதான் உண்டு, கேட்டதில்லை. இடுப்பளவு குழியில் நின்ற ஒருவன் கடப்பாரையை எறிந்தான். "கம்பியும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல! இவ சர்க்காருக்கு வேண்டி நம்மள இங்க போட்டு நேரம் கடத்துகா. கேம்புக்கு வாங்கலே!"

கூட்டம் ரோட்டில் இறங்கியது. கனகதாஸ் மட்டும் அசையாமல் நின்று, அக்காள் பார்க்கிற திசையைப் பார்த்தான். இரண்டு பேருக்கும் சிறுவயதிலிருந்து கண்ணால் பேசிப் பழக்கம். மழை வரும்வரை அவள் இவர்களைப் பிடித்து வைக்கப் பார்க்கிறாள் என்று அவனுக்கு விளங்கிவிட்டது. ஓடிப்போய்ப் பொன்னையனின் இடுப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டான். "விடுலே! விடு!" என்று அவர் அவன் முதுகில் குத்தினார். அவன் விடவில்லை. அவரை விட்டுப் போக மனசில்லாமல் மற்றவர்கள் தயங்கி நின்றார்கள்.

அப்போது கிழக்கேயிருந்து குளிர்காற்று ஒரே வீச்சாக வந்தது. தென்னோலைகள் மொத்தமும் மேற்கே சாய்ந்தன. மின்னல் ஒன்று கண்முன்னால் ஒரு பனையில் இறங்கியது. இடியில் தரை அதிர்ந்தது. பிறகு மழை. துளி துளியாகத் தொடங்குகிற மழையல்ல, வந்ததே மொத்தமாகத்தான் வந்தது. எதிரே நிற்கிற ஆள் தெரியவில்லை. ரோடு ஓடையானது. கூட்டம் சிதறி, கிடைத்த கூரைக்கெல்லாம் ஓடியது. கேம்புக்கு யாரும் போகவில்லை. கனகதாசின் பிடியில் பொன்னையன் நடுரோட்டில் உட்கார்ந்து, மகன் பேரைச் சொல்லி வாய்விட்டு அழுதார்.

அந்த ஐப்பசியில் பெய்ததில் பெரிய மழை அதுதான். அம்பூரியில் தொடங்கி, ஒற்றசேகரமங்கலத்தில் பெருத்து, பாறசாலை வழியாகப் பொழியூருக்குப் போனது, அவள் எழுதிவைத்திருந்த கணக்குப்படியே. நடுவிலே அளக்கத்தான் பாத்திரம் இல்லை. வீட்டு முற்றத்தில் நெல் அவிக்கிற அண்டா நிறைந்து வழிந்தது. அதை அளந்து எழுத அவளுக்கு மனசாட்சி இடம் கொடுக்கவில்லை.

பேராசிரியருக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "இது மழைமானி என்று ஜனங்களிடம் சொல்லியிருக்க வேண்டாமா?"

"பதினோரு மாசம் சொன்னேன் சார். அன்று ஒரு நாள்தான் சொல்லவில்லை."

 அவர் முதலிலிருந்து தொடங்கச் சொன்னார். புனா வேலை வேறொருவருக்குப் போனது. புதுக் கருவிக்கு மேட்டில் இடம் கொடுக்க ஊர் சம்மதிக்காததால், எலியா கம்பவுண்டர் தன் பறம்பில் காய்த்துக்கொண்டிருந்த ஐந்து தென்னையை வெட்டி மகளுக்கு வானம் திறந்துவிட்டார்.

விஜயதாஸ் சில வாரம் கழித்து, ஒடிந்த கையோடு திரும்பி வந்தான். ஆனால் ஊருக்குத் தங்கபாய் அதற்குள் 'எல்லைக்கல்லு தங்கபாய்' ஆகிவிட்டாள், சர்க்காருக்குக் கல் நட்டவள். வேதக்கோவிலில் அவள் உட்காரும் பெஞ்சில் வேறு யாரும் உட்காரவில்லை. கிணற்றங்கரையில் அவள் வந்தால் பெண்கள் குடத்தை எடுத்துக்கொண்டு நகர்வார்கள். பொன்னையன் தினமும் காலையில் வேலியோரமாகப் போவார். அவள் மழைமானிமுன் குனிந்து நிற்பதைப் பார்த்தால், நின்று, காறி, வேலிக்கு உள்ளே துப்பிவிட்டுத்தான் போவார்.

ஒருநாள் கனகதாஸ் அதைப் பார்த்துவிட்டான்.

"இனி எனக்குப் பொறுக்காது எக்கா. உள்ளதை நான் போயி அவருட்ட சொல்லப்போறேன்."

"என்னண்ணு சொல்லுவே? மவனை மீக்கப் புறப்பட்ட மனுசனை, ஒரு பெண்ணு பொய்யி சொல்லி மண்ணு தோண்ட வச்சாண்ணா? அவரு எல்லைக்கல்லைப் பிடுங்கினவராட்டு தல நிமிந்து நடக்காரு. நடக்கட்டும்."

"தினமும் துப்புகாரே எக்கா!"

தங்கபாய் அளவுக்குழாயைக் கண்ணுக்கு நேரே உயர்த்தி, தண்ணீர் நின்ற கோட்டைப் பார்த்தாள்.

"துப்பட்டும் மக்கா," என்றாள். "துப்ப ஆளு இருக்குல்லா."