முருகன் ஏசி அறைக்குப் போன ஞாயிறு

கனடா என்றால் குளிர் நாடு என்ற நம்பிக்கையில் என் சகலனும் மச்சாளும் பாரிசிலிருந்து நடுக் கோடையில் கம்பளிச் சட்டையோடு வந்து இறங்கினார்கள். சகலன் என்றால் என் மனைவியின் தங்கையைக் கட்டியவர். விமான நிலையக் கதவு திறந்ததும் மொன்றியல் வெக்கை அவருடைய மூக்குக் கண்ணாடியில் ஆவியாகப் படிந்தது. அதைத் துடைத்துக்கொண்டே கேட்டார்:

"அண்ணை, பிளேன் மாறி ஏறிட்டமோ?"

அந்த ஒரு கேள்விக்காகவே எனக்கு அவரைப் பிடிக்கும். ஆனால் மனிதர் ஏசி என்ற சொல்லைக் கேட்டால் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்வார். வீட்டுக்கு வந்தவர் ஹோலுக்குள் காலை வைத்தார். மூலையில் நின்று உறுமுகிற எங்கள் ஏசியையும், அதிலிருந்து யன்னல் வழியாக வெளியே போகிற யானைத் தும்பிக்கை போன்ற குழாயையும் கண்டார். வைத்த காலை அப்படியே பின்னால் எடுத்தார்.

"உது கடைக்காரன்ர சாமான் அண்ணை. வீட்டில இருக்கிறவன் வேர்க்க வேணும். நான் வெளியில இருக்கிறன்."

சொன்னபடியே பல்கனியில் ஒரு கதிரையைப் போட்டு, நனைத்த துவாயைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். தெருமுனைத் தெப்பனேரில், அதாவது சில்லறைக் கடையில், ஐஸ் கூட முடிந்துபோன கிழமை அது.

அவர் குளிக்கப் போன நேரம் பார்த்து மச்சாள் என்னிடம் வந்தாள். பாரிசில் வீட்டிலிருந்தபடியே சாறி பிளவுஸ் தைத்துக் கொடுக்கிறவள் அவள். ஊசியில் நூல் கோப்பதுபோலத்தான் கதையும் தொடங்குவாள், நேராக.

"அத்தான், எங்கட வீடு மேல் மாடி. தகரக் கூரைக்குக் கீழ. கலியாண ஓடர் எல்லாம் கோடையிலதான் வரும். பட்டில கை வைச்சா வேர்வை ஊறி அடையாளம் விழுது. போன கோடையில ஒரு பிள்ளையின்ர கூறைப் பிளவுஸைப் பழுதாக்கிப்போட்டன். அவ அழுத அழுகை இன்னும் காதுக்குள்ள கேக்குது. இன்னுமொரு கோடை இப்பிடிப் போனா மெஷினை வித்துப்போட்டு ரெஸ்ரோரன்ற்றில கோப்பை கழுவத்தான் போகவேணும்."

"அவரிட்டைச் சொன்னனீரோ?"

"சொன்னன். யன்னலைத் திறந்து வைச்சுத் தையும் எண்டார். ஒரு பின்னேரம் எண்டாலும் அந்த மனுசனை உங்கட ஏசிக்குள்ள இருத்தி விடுங்கோ அத்தான். இருந்து பாத்தாத்தான் விளங்கும்."

நான் நெஞ்சைத் தட்டி, "அது என்ர பொறுப்பு" என்றேன். என் வாய் எப்போதும் என்னைவிட இரண்டு அடி முன்னால்தான் நடக்கும்.

செய்யாத வேலை இல்லை. கிரிக்கெட் போட்டுவிட்டுக் கூப்பிட்டேன். பல்கனிக் கண்ணாடிக்கு வெளியே நின்றே பார்த்தார். மாம்பழம் வெட்டி வைத்தேன். கையை மட்டும் உள்ளே நீட்டி எடுத்தார். "உள்ள வாரும் தம்பி, கடிக்காது" என்றேன். "கடிக்கிறது எண்டாத் தெரியும் அண்ணை. இது தெரியாமல் பிடரியைப் பிடிக்கும்" என்றார்.

இந்த இடத்தில் எங்கள் வீட்டுக் கறண்ட் பெட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். கார்ட்டியர்வில்லில் இந்த வீட்டுக்குக் குடிவந்த அன்று, சாமி கிழக்கைப் பார்க்க வேண்டும் என்று என் மனைவி சுவர் சுவராகத் தேடினாள். தோதாகக் கிடைத்தது ஒரே ஒரு சுவர், குசினிக்குப் பக்கத்தில். அதில்தான் ட்ரிப் சுவிச்சுகள் இருக்கிற இரும்புப் பெட்டியும் இருந்தது. "பெட்டியை ஆர் நெடுகத் திறக்கப் போறாங்கள்?" என்று அதை மறைத்துச் சாமித்தட்டை அடித்தோம். பிள்ளையார், வள்ளி தெய்வானையோடு முருகன், லட்சுமி, குத்துவிளக்கு எல்லாம் அந்தக் கதவுக்கு முன்னால் வரிசையாக அமர்ந்தார்கள். அன்றுமுதல் எங்கள் வீட்டில் முருகனை இறக்காமல் கறண்ட் வராது.

அதுகூடப் பெரிய பிரச்சினை இல்லை. மச்சம் சாப்பிட்டவர்கள் சாமியைத் தொடக்கூடாது என்பது மனைவியின் சட்டம். இறைச்சி, மீன், முட்டை எல்லாம் அதற்குள் அடக்கம். ஹோலுக்கும் குசினிக்கும் ஒரே சுவிச், பாரம் கூடினால் அது விழுந்துவிடும் என்பதால், ஏசி ஓடும்போது வேறு எதைப் போடலாம் என்று அவளைக் கேட்டுத்தான் போட வேண்டும்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. விருந்தாளிக்கு ஆட்டிறைச்சிக் கறி. சகலன் மட்டும் பிறவி மரக்கறி. அவருடைய கத்தரிக்காய்ப் பால்கறியை முதலே தனிச் சட்டியில் சமைத்து, தனிக் கரண்டியோடு பல்கனிக்கு அனுப்பியாயிற்று. நாங்கள் குசினியில் இருந்து விரல் சூப்பச் சூப்பச் சாப்பிட்டோம். பிறகு மச்சாள் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டு, அக்காவுக்கென்று வாங்கிய பட்டுத் துணியை ஹோல் மேசையில் விரித்து வெட்டத் தொடங்கினாள். ஓரத்தை மடிக்க அயன் பொக்ஸை மாட்டினாள். அதே நேரம் நான் பிளேன்டீ போடக் கேத்திலைத் தட்டினேன்.

டக்.

ஏசி ஒரு பெருமூச்சு விட்டு அடங்கியது.

"ஆர் கேத்திலைப் போட்டது?" என்றாள் மனைவி.

வீட்டில் இருந்தது நாங்கள் மூன்று பேர். கேத்தில் என் கையில் இருந்தது.

"நான் ஓடிப்போய் முழுகிப்போட்டு வாறன்" என்றேன்.

"முழுகினா? வயித்துக்குள்ள இருக்கிற ஆடு இறங்கிப் போயிடுமோ? சும்மா நில்லுங்கோ."

மூவரும் ஒரே நேரத்தில் பல்கனியைப் பார்த்தோம். துவாய்க்குக் கீழே மரக்கறி மனிதர் ஒருவர் வெந்துகொண்டிருந்தார்.

விசயத்தைச் சொன்னதும் அவருக்குச் சந்தோசம் தாங்கவில்லை. "பாத்தீங்களே? யன்னல் எப்பவாவது ட்ரிப் ஆகியிருக்கோ?" என்று கேட்டபடி கால் கழுவி, விபூதி பூசி, பிள்ளையாரை இரண்டு கையாலும் தூக்கினார். தூக்கியபின்தான் கேட்டார், "அக்கா, எங்க வைக்கிறது?"

நிலத்தில் வைக்கக்கூடாது. குசினி மேசையில் ஆட்டுக்கறி. மிஞ்சியது ஹோல் மேசை, அதில் யாரும் உடுக்காத புதுப் பட்டு.

"அங்க கொண்டுபோங்கோ தம்பி" என்றாள் மனைவி. அவள் உதட்டோரம் ஒரு துடிப்பைக் கண்டேன். அப்போது எனக்கு அது விளங்கவில்லை.

கறண்ட் போனாலும் ஹோலில் குளிர் அப்படியே நின்றது. பிள்ளையாரை வைத்துவிட்டு உடனே வந்தார். முருகனை வைத்துவிட்டு, மாலையைச் சரிசெய்வதுபோல் சற்று நின்று வந்தார். லட்சுமியோடு போனவர் வரவேயில்லை. எட்டிப் பார்த்தேன். லட்சுமிக்கு முன்னால் கண்ணை மூடி, கையைக் கூப்பி, முகத்தைச் சற்று அண்ணாந்து வைத்திருந்தார். பக்திதான். வேறு என்ன?

"தம்பி, சுவிச்!" என்று கத்தினேன்.

வந்து சுவிச்சைத் தூக்கிவிட்டார். ஏசி மறுபடி உறுமியது. பிள்ளையாரைத் திருப்பி எடுக்கப் போனவரை மனைவி மறித்தாள்.

"இப்ப மாத்தாதேங்கோ. திரும்பவும் விழுந்தா என்ன செய்யிறது? சாமி அங்கயே இருக்கட்டும்."

"சாமியைத் தனிய விடலாமோ அக்கா?"

"அதுதானே! நாங்கள் மச்சம் சாப்பிட்ட ஆக்கள், பக்கத்தில போகேலாது."

"இவவும்தானே மச்சம்?" என்று மச்சாளைக் காட்டினார்.

"அவள் மேசையின்ர மற்றத் தொங்கலில இருந்து தைக்கட்டும். நடுவில நீங்கள் இருங்கோ."

இப்படியாக என் சகலன் தெய்வங்களுக்குக் காவலாக ஏசிக்கு நேர் முன்னால் அமர்த்தப்பட்டார். நான் மாம்பழம் வெட்டிச் சாதிக்காததை அவள் ஒரு வாக்கியத்தில் முடித்துவிட்டாள். சிரிப்பை அடக்க நான் குசினிக்குள் போய்க் குளிர்பெட்டிக் கதவைத் திறந்து தலையை உள்ளே விட்டுக்கொண்டேன்.

முதலில் விறைப்பாக இருந்தார். பிறகு தலைத் துவாயைக் கழற்றினார். பிறகு காலை நீட்டினார். நான் தேவையில்லாமல் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தபோது, "அண்ணை, கதவைச் சாத்துங்கோ, குளிர் போகுது!" என்றார். மச்சாள் துணிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது.

ஆனால் மூன்று மணிபோல, அவர் பார்த்துக்கொண்டிருந்தது சாமியை அல்ல, அவளுடைய கையை என்று கண்டேன். பட்டின்மேல் அந்தக் கை வழுக்கிக்கொண்டு போனது. ஒருமுறையும் எழும்பிப்போய்க் கழுவவில்லை. துடைக்கவில்லை. பிளவுஸ் முடிந்தது. அவர் அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"உமக்குக் கை வேர்க்கேல்லை" என்றார் மெல்ல.

"இல்லையப்பா."

"அங்க ஒரு பிளவுஸுக்கு எத்தினை தரம் எழும்பிறனீர்!" பிளவுஸை மடித்து அவளிடம் கொடுத்தார். "வாங்கலாம். ஆனா கீழ் வீட்டு மதாம் விடமாட்டா, அவதான் எங்கட கட்டிடத்துச் சங்கத்துக்குத் தலைவி. ஏசி எண்டாக் கத்துவா."

"கேட்டுப் பாருங்கோவன்" என்றாள் மச்சாள்.

பாரிசில் இன்னும் படுக்கைக்குப் போகிற நேரம் ஆகவில்லை. போனை ஸ்பீக்கரில் போட்டார். நல்ல பிரெஞ்சில் பணிவாக, மதாம், சுவரில் எதுவும் தொங்காது, உருளுகிற சின்ன ஒன்றுதான், என் மனைவியின் தொழிலுக்காக என்று இழுத்தார். மறுபக்கத்தில் ஒரு கதவு சாத்துகிற சத்தம். பிறகு கிசுகிசுப்பாக ஒரு குரல். மிஸ்யூ, பகலில் போடுங்கள், யாரிடமும் சொல்லாதீர்கள், என்னுடையது என் கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்கிறது. அவள் பின்னால் ஏதோ உறுமுகிற சத்தமும் கேட்டது.

போனை வைத்துவிட்டு எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார்.

"அப்ப நான் மட்டும்தான் கொள்கையோட வேர்த்துக்கொண்டு இருந்திருக்கிறன்!"

அவர்தான் முதலில் சிரித்தார். பிறகு யாராலும் நிறுத்த முடியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "போனவுடன யன்னலை அளக்க வேணும், குழாய் பொருந்துமோ தெரியாது" என்றார்.

"எழுபத்திரண்டு சென்ரிமீற்றர்" என்றாள் மச்சாள், அடுத்த பிளவுஸுக்கு ஊசியில் நூல் கோத்தபடி.