சிவப்புக் கோடு போட்ட பெயர்

என் மேசை லாச்சியில் ஒரு தாள் கிடக்கிறது. மாத்தளை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் உள்ள போட்டோ கொப்பிக் கடையில், கைப்பேசியில் வந்த படத்தைக் காகிதத்தில் எடுத்துக்கொண்டது. இந்தோனேசிய மொழியில் அச்சடித்த ஒரு விண்ணப்பப் படிவம். படம் எடுத்தவர் கை ஆடிவிட்டதால் அச்செழுத்துகள் எல்லாம் மங்கல். பேனாவால் எழுதியவை மட்டும் தெளிவாக இருக்கின்றன. மேலே என் அத்தானின் முழுப் பெயர். இரண்டு வரி தள்ளி, ஆங்கில எழுத்தில் ஒரு பெண்ணின் பெயர்: மரகதம். அந்தப் பெயருக்குக் கீழே சிவப்பு மையில் ஒரு கோடு. அது நான் இழுத்தது. தாளின் அடியில் ஒன்றும் எழுதாத ஒரு பெட்டி இருக்கிறது. அதை அப்போது நான் கவனிக்கவில்லை.

அத்தான் என்று சொல்வது என் அக்காவின் கணவரை. ஒரு பிடி கராம்பை உள்ளங்கையில் போட்டு உருட்டிப் பார்த்தே, அது எந்தத் தோட்டத்துச் சரக்கு, எத்தனை நாள் வெயில் கண்டது என்று சொல்லக்கூடிய மனிதர். மாத்தளையில் வாசனைத் திரவியம் ஏற்றுமதி செய்யும் ஓர் இடத்தில் தரம் பிரிப்பவராக இருந்தார். சத்தமாகப் பேசமாட்டார். பேசுவதற்கு முன் விரல் நுனியை ஒருமுறை முகர்ந்து பார்ப்பார், வேலைப் பழக்கம். அந்த மூக்கை நம்பித்தான் இந்தோனேசியாவில் மேடான் என்ற நகரத்துக் கம்பெனி ஒன்று அவரை அழைத்துக்கொண்டது. அங்கே சாதிக்காயும் கறுவாவும் மலைமலையாகக் குவிந்து கிடக்குமாம். போய் மூன்றாவது வருடம், விடுமுறையில் வந்தபோது, ஒரு வீட்டின் வரைபடத்தை அக்காவின் சாப்பாட்டு மேசையில் விரித்தார்.

நான் யார் என்பதையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் மற்றது விளங்காது. காணிப் பதிவகத்தில் இலிகிதராக இருந்து போன வருடம்தான் ஓய்வு பெற்றேன். செத்துப்போனவர் கையெழுத்துப் போட்ட உறுதிப் பத்திரம், இல்லாத எல்லைக் கல்லைக் காட்டும் உறுதி, ஒரே காணியை அண்ணனுக்கும் தம்பிக்கும் விற்ற உறுதி, எல்லாம் என் கையால் புரண்டிருக்கின்றன. கந்தோரில் எனக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். முகத்துக்கு நேரே சொல்லமாட்டார்கள், ஆனால் எனக்குத் தெரியும். உள்ளுக்குள் அதில் எனக்குப் பெருமையும் இருந்தது. நல்ல மனிதர்களின் உறுதியைத்தான் நான் இரண்டு தரம் வாசிப்பேன்.

அத்தான் விரித்த வரைபடத்தில் இரண்டு அறை, ஒரு சின்ன முற்றம், பின்னால் சமையலறை. மேடான் நகரத்துக்கு உள்ளேயே ஒரு குடியிருப்பு. ஒழுங்கை வாசலில் இரும்புப் படலை, அதற்கு ஒரு காவலாளி, பின்னேரம் தவறாமல் மழை. இரண்டு வீடு தள்ளி ஒரு தமிழ்க் குடும்பம். அவர்களுடைய பாட்டன் காலத்தில் புகையிலைத் தோட்டத்துக்கு வந்தவர்களாம். நடந்து போகிற தூரத்தில் மாரியம்மன் கோயில். ஒழுங்கைக்கு ஒரு தலைவர் உண்டு, வீட்டுக்கு விருந்தாளி வந்து தங்கினால் அவரிடம் போய்ச் சொல்ல வேண்டும். வீடுகளுக்கு விலை ஏறிக்கொண்டே போகிறது, இப்போது வாங்கிப் போட்டால் பிற்காலத்துக்கு உதவும் என்றார். அதற்கு அக்காவின் பெயரில் ரத்தோட்டைப் பக்கம் உள்ள சீதனக் காணியை விற்க வேண்டும். அக்காவும் அங்கே போய்விட வேண்டும். "காணி வித்த காச விட, நீ வர்றதுதான் எனக்கு முக்கியம்" என்று அக்காவைப் பார்த்துச் சொன்னார். கலியாணமாகி இருபது வருடத்துக்குப் பிறகு ஒரு மனிதர் இப்படிப் பேசினால் எனக்குச் சந்தேகம் வராமல் என்ன செய்யும்?

"வீடு உங்க பேருக்கு வருமா அத்தான்?" என்று கேட்டேன்.

விரலை முகர்ந்துகொண்டார். "வெளிநாட்டு ஆளுக்கு அங்க காணி சொந்தமாகாதுங்க. இத்தன வருஷம்னு பாவிக்கிற உரிமை குடுப்பாங்க. பொறகு நீட்டிக்கலாம். சில பேரு அந்த நாட்டு ஆள் ஒருத்தர் பேர்ல வாங்குறாங்க. நான் அப்படிச் செய்ய மாட்டேன்."

கேட்காமலே அவர் சொன்ன அந்தக் கடைசி வசனம் என் மனதில் முள்ளாகத் தைத்தது. செய்யப்போகிறவன்தானே செய்யமாட்டேன் என்று முந்திக்கொண்டு சொல்வான்? அந்தக் காணியை எனக்குத் தெரியும். மிளகுக் கொடி படர்ந்த மரங்களும் சாதிக்காய் மரங்கள் ஆறும், காலையில் ரிவர்ஸ்டன் மலைப் பக்கத்திலிருந்து இறங்கிவரும் பனியும். அதன் உறுதியில் ஒரு பிசகும் கிடையாது. என் கையால் பதிவு இடாப்பில் மூன்று தலைமுறைக்குப் பின்னால் போய்த் தேடிப் பார்த்தவள் நான். அப்படிப்பட்ட காணியைக் கொடுத்து, சொந்தமே ஆகாத ஒரு வீட்டை வாங்குவதா?

அவர் திரும்பிப் போன பிறகு படங்கள் வரத் தொடங்கின. ஒழுங்கையில் அவர் வாடகைக்கு இருந்த வீட்டின் படம், பக்கத்தில் வாங்க நினைத்த வீட்டின் படம், பெருநாளுக்கு அயல்வீட்டார் கொண்டுவந்து கொடுத்த சோற்றுத் தட்டின் படம். எல்லாம் அக்காவுக்கு வரும், அக்கா எனக்கு அனுப்புவாள். "நீ பாத்துச் சொல்லு. எனக்கு இதெல்லாம் விளங்காது" என்பாள். நான் பார்த்தேன். இரண்டு விரலால் விரித்து விரித்துப் பார்த்தேன். மேசையில் ஏன் இரண்டு கோப்பை? ஜன்னலில் பூப்போட்ட திரை. எந்த ஆம்பிளை கடைக்குப் போய்ப் பூப்போட்ட திரை வாங்குவான்? வாசற்படியில் ஒரு சோடிப் பெண்கள் செருப்பு, குதி உயர்ந்தது, புதுசு. ஒருநாள் அக்காவோடு அவர் பேசிக்கொண்டிருக்கும்போது நானும் பக்கத்தில் இருந்தேன். அங்கே நேரம் நமக்கு ஒன்றரை மணித்தியாலம் முந்தி. இங்கே வெயில் நிற்கும்போது அங்கே விளக்குப் போட்டுவிடுவார்கள். பின்னால் ஒரு பெண் குரல் தமிழில், "அண்ணே, சாப்பாடு வச்சிருக்கேன்" என்றது. இரண்டு வீடு தள்ளியிருக்கும் அம்மாதான் சாப்பாடு கொடுக்கிறார் என்றார் அத்தான். ஒளித்து உறவு வைத்திருக்கிறவளும் பிறர் கேட்க அண்ணன் என்றுதான் கூப்பிடுவாள் என்று நான் அக்காவிடம் சொன்னேன். என் வாய் அப்படி.

அப்புறம்தான் அந்தப் படிவம் வந்தது. வீட்டுக்கு விண்ணப்பிக்கும் தாள், அக்காவின் கையெழுத்து வேண்டும், அசலைத் தபாலில் அனுப்புகிறேன், தங்கச்சியிடமும் காட்டு என்று எழுதியிருந்தார். தங்கச்சியிடம் காட்டு என்று அவரே சொன்னது அவருக்கு ஆதரவான சாட்சி என்று இன்றைக்குத் தெரிகிறது. அன்றைக்கு அதுவும் ஒரு தந்திரமாகத்தான் பட்டது. படிவத்தில் அவருடைய பெயர், அதன் கீழே மரகதம். மேடானில் தமிழ்ப் பெண்களுக்கா பஞ்சம்? கைப்பேசியிலேயே மொழிபெயர்த்துப் பார்த்தேன். மங்கிய எழுத்தை அது பிடித்துக்கொள்ளாமல், ஈரமான கூரை, குடும்ப அட்டை என்று என்னவோ உளறியது. குடும்பம் என்ற ஒரு சொல் எனக்குப் போதுமாக இருந்தது. நேரே நகரத்துக்குப் போய்ப் பிரதி எடுத்து, சிவப்புக் கோடு போட்டு, அக்காவின் முன்னால் வைத்தேன்.

அக்கா அந்தப் பெயரைப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை.

"அத்தான்கிட்ட கேளு, யார் இதுன்னு" என்றேன்.

"நான் கேக்க மாட்டேன்" என்றாள். "நீயும் கேக்காத."

பாவம், கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ளப் பயப்படுகிறாள் என்று என் நெஞ்சு உருகிப்போனது. கேட்டால் மனிதர் உஷாராகிவிடுவார் என்ற கணக்கும் எனக்கு இருந்தது. "அப்ப கையெழுத்துப் போடாத. காணியும் அசையக்கூடாது" என்றேன். அக்கா தலையாட்டினாள். அசல் படிவம் தபாலில் வந்தது, வந்தபடியே அலுமாரிக்குள் போனது. சில மாதத்தில் அந்த வீட்டை வேறு யாரோ வாங்கிக்கொண்டார்கள். அத்தான் அதே ஒழுங்கையில் வாடகைக்கே இருந்தார். தினமும் வேலைக்குப் போகும்போது அந்த வீட்டைத் தாண்டித்தான் போகவேண்டும் என்று ஒருமுறை சாதாரணமாகச் சொன்னார்.

வருடத்துக்கு ஒருமுறை வருவார், இருபது நாள் நிற்பார், போவார். வரும்போதெல்லாம் எனக்கென்று அந்த ஊர்ப் பாஷன் பழச் சிரப் ஒரு போத்தல் கொண்டுவருவார். "தங்கச்சி, இது உங்களுக்கு" என்று இரண்டு கையாலும் தருவார். வாயடைக்கத் தருகிற லஞ்சம் என்று நினைத்து, மூடி உடைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, திறக்காமலே வைத்துவிடுவேன். நாலு போத்தல் சேர்ந்துவிட்டன.

இதற்கிடையில் எங்கள் அம்மா போய்ச் சேர்ந்தார். அம்மாவை இழந்தவர்கள் சித்திரா பௌர்ணமிக்கு விரதம் இருந்து, கோயிலில் அம்மாவின் பெயர் சொல்லிப் பூசை செய்விப்பார்கள். அம்மா உயிரோடு இருக்கும்வரை அந்த நாளில் நமக்குக் கோயிலில் வேலை இல்லை. அங்கே யார் வருகிறார்கள், என்ன செய்கிறார்கள் என்று அதற்கு முன் நான் பார்த்ததும் இல்லை. இந்த வருடம் எனக்கு முதல் விரதம். அத்தான் விடுமுறையில் வந்திருந்தார். அக்கா வீட்டில் படையலுக்குச் சமைக்க, நானும் அவரும் கோயிலுக்குப் போனோம். ஆண்களும் பெண்களும் கலந்த நீளமான வரிசை. வெயில் மண்டபத்துக்குள் வரை வந்திருந்தது. அத்தான் எனக்கு ஓர் ஆள் முன்னால் நின்றார், வேட்டி கட்டி, வெற்றுடம்போடு, கையில் தட்டத்துடன். முதுகெலும்பு தெரிகிற அளவுக்கு மெலிந்துபோயிருந்ததை அப்போதுதான் கண்டேன்.

ஐயர் பெயரைக் கேட்டார்.

"மரகதம்" என்றார் அத்தான். "நட்சத்திரம் தெரியாதுங்க ஐயா. எனக்கு மூணு வயசுல போயிட்டாங்க."

ஐயர் அந்தப் பெயரை உரக்கச் சொல்லி மந்திரத்தோடு சேர்த்தார். மண்டபம் முழுக்கக் கேட்டது. எனக்கு முன்னால் நின்ற அம்மாள் திரும்பிப் பார்த்து, "என்ன, தலை சுத்துதா?" என்றார். என் முறை வந்தபோது பெற்ற தாயின் பெயர் எனக்கு நாக்கில் வரவில்லை. ஐயர் இரண்டு தரம் கேட்க வேண்டியிருந்தது.

நினைத்துப் பார்த்தால் எவ்வளவு வெட்கம். நம் நாட்டுக் காணி உறுதி யாருடைய அம்மாவின் பெயரையும் கேட்பதில்லை. கலியாணப் பதிவிலும் அப்பாவின் பெயர்தான். முப்பது வருடம் அந்தத் தாள்களுக்குள்ளேயே இருந்தவளுக்கு, ஒரு வீட்டு விண்ணப்பத்தில் பெற்றவளின் பெயரைக் கேட்பார்கள் என்பது கனவிலும் தோன்றவில்லை. அவருடைய அம்மாவை எங்கள் வீட்டில் யாரும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டதில்லை. "அவரோட அம்மா" என்பதோடு சரி. பூதக்கண்ணாடி என்று பெயர் வாங்கி என்ன பயன்? செத்துப்போன ஒரு தாயை ஆசைநாயகி ஆக்கி, நாலு வருடம் வைதிருக்கிறேன்.

கோயிலில் இருந்து நான் முந்திக்கொண்டு வந்துவிட்டேன். அக்கா சமையலறையில் வாழைக்காய் சீவிக்கொண்டிருந்தாள். "அக்கா, அந்த மரகதம்... அது அத்தானோட அம்மா" என்றேன்.

அக்காவின் கத்தி நிற்கவில்லை. "தெரியும்" என்றாள்.

"எப்ப இருந்து?"

"கல்யாணம் முடிச்ச வருஷத்துல இருந்து. இந்த நாளைக்கு வருஷா வருஷம் நான்தானே சமைக்கிறேன்."

அவளே பேசினாள், வாழைக்காயைப் பார்த்தபடி.

"எனக்குப் போக விருப்பமில்லடி. அந்தக் காணிய விக்கவும் மனசில்ல. அவர் ஆசையாக் கேக்குறப்ப முகத்தப் பாத்துச் சொல்ல ஏலல. நீ அந்தத் தாளக் கொண்டாந்து வச்ச. தங்கச்சி சந்தேகப்படுறா, அவள மீறி என்னால ஒண்ணும் செய்ய ஏலாதுன்னு அவர்கிட்ட சொல்லிட்டேன்."

"என்ன சந்தேகம்னு சொன்னியா?"

"சொன்னேன். அவகிட்ட இதப் பத்திப் பேசாதீங்கன்னும் சொன்னேன்" என்றாள்.

அப்படியானால் அவருக்குத் தெரியும். பெற்றவளை நான் என்னவாக நினைத்தேன் என்று தெரிந்துகொண்டேதான், ஒவ்வொரு வருடமும் போத்தலை இரண்டு கையாலும் நீட்டியிருக்கிறார். சற்று நேரத்தில் அவரும் வந்து சேர்ந்தார். கோயிலில் கொடுத்த விபூதிப் பொட்டலத்தை என்னிடம் தந்து, "எடுக்காம வந்துட்டீங்க தங்கச்சி" என்றார். மூவரும் ஒரே மேசையில் இருந்து விரதம் முடித்தோம்.

அவர் போய் இரண்டு மாதமாகிறது. முதல் போத்தலைத் திறந்தேன், காலம் கடந்து புளித்துப்போயிருந்தது. மன்னிப்புக் கேட்டு ஒரு செய்தி எழுதி எழுதி அழிக்கிறேன். அந்தக் குதி உயர்ந்த செருப்பு யாருடையது என்று இடையிடையே இன்னும் மனம் கேட்கிறது. இந்தப் புத்தி என்னோடுதான் சாம்பலாகும் போலிருக்கிறது. ஆனால் இப்போது அத்தானை நினைத்துச் சந்தேகப்படும் நேரத்தை விட, அக்கா "எனக்கு இதெல்லாம் விளங்காது" என்று சொன்ன மற்ற நாட்களை எண்ணிப் பார்க்கும் நேரம் கூடிவிட்டது.

நேற்று அந்தத் தாளை எடுத்து, அடியில் இருந்த வெற்றுப் பெட்டியின் மங்கல் எழுத்தைக் கண்ணாடி வைத்து ஒவ்வொன்றாகப் பிரித்து, கைப்பேசியில் தட்டிப் பார்த்தேன். இந்தத் தரம் அது உளறவில்லை. விண்ணப்பிப்பவரின் மனைவி கையெழுத்திட வேண்டிய இடம் என்றது. எழுதியிருந்த பெயருக்குத்தான் நான் கோடு போட்டேன். எழுதாமல் விட்ட இடத்தை நான் பார்க்கவே இல்லை.